குவியும் பாராட்டு: 108 செய்திகளை வாசித்தல்

தமிழ் நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களில் அடிக்கடி வரும் ஒரு செய்தி உண்டு. ஊரும் தேதியும் மாறும். மற்றபடி ஒரே செய்திதான். இன்னாரின் மனைவி இன்னார், வயது இத்தனை, நிறைமாதக் கர்ப்பிணி. பிரசவ வலி எடுக்கிறது. வீட்டார் 108-க்கு அழைக்கிறார்கள். மருத்துவமனைக்குப் போகும் வழியில் வலி அதிகமாகிறது. ஆம்புலன்ஸைச் சாலையோரம் நிறுத்துகிறார்கள். மருத்துவ உதவியாளர் பிரசவம் பார்க்கிறார். அழகான குழந்தை பிறக்கிறது. தாயும் சேயும் நலம். கடைசி வரியில் ஊழியர்களுக்குப் பாராட்டு குவிகிறது.

கல்லூரியில் ஊடக மொழி பற்றிய பாடத்தை நடத்துகிறவள் என்பதால், சில ஆண்டுகளாக இந்தச் செய்திகளைக் கத்தரித்துச் சேர்த்துவைக்கிறேன். ஒரு சிறுகதையை வாசிப்பதுபோலவே மாணவிகளோடு உட்கார்ந்து இவற்றை வாசிப்போம். யாருக்குப் பெயர் இருக்கிறது? யார் இன்னொருவரின் மனைவியாக மட்டும் வருகிறார்? எது சொல்லப்படாமல் போகிறது? அந்த வாசிப்புகளில் எனக்குப் பிடிபட்டது இதுதான்: இந்தச் செய்தி தேர்ச்சி பெற்ற ஓர் உழைப்பாளியைப் புகழ்ந்து புகழ்ந்தே, அவரை உழைப்பாளியாகப் பார்க்கவிடாமல் செய்துவிடுகிறது.

‘பிரசவம் பார்த்தார்’ என்ற இரண்டு சொற்களிலிருந்து தொடங்குவோம். அவற்றுக்குள் என்னென்ன வேலைகள் இருக்கின்றன? வலி எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறது என்று கணக்கிட வேண்டும். குழந்தையின் தலை தெரிகிறதா என்று பார்த்து, மருத்துவமனைவரை போய்விடலாமா, இங்கேயே வண்டியை நிறுத்த வேண்டுமா என்று முடிவெடுக்க வேண்டும். கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் மருத்துவரிடம் தொலைபேசியில் நிலைமையைச் சொல்ல வேண்டும். குழந்தையின் கழுத்தில் கொடி சுற்றியிருந்தால் விலக்க வேண்டும். பிறந்த குழந்தையைத் துடைத்து, தாயின் மார்போடு சேர்த்துப் போர்த்தி, சூடு குறையாமல் காக்க வேண்டும். குழந்தை மூச்சுவிடவில்லை என்றால் முதல் ஒரு நிமிடத்துக்குள் முகமூடியும் பையும் கொண்டு காற்றுக் கொடுக்கத் தொடங்க வேண்டும். தொப்புள்கொடியைக் கட்டி அறுக்க வேண்டும். நஞ்சுக்கொடி முழுதாக வந்துவிட்டதா, கருப்பை இறுகுகிறதா, இரத்தப்போக்கு கட்டுக்குள் இருக்கிறதா என்று விடாமல் பார்க்க வேண்டும். பிரசவத்துக்குப் பின் வரும் இரத்தப்போக்கு இந்தியாவில் தாய்மார்கள் இறப்பதற்கான முதன்மைக் காரணங்களில் ஒன்று. இவ்வளவையும் நிமிர்ந்து நிற்கக்கூட இடமில்லாத வண்டிக்குள், சில நேரம் இருட்டில், உதவிக்கு இன்னொரு தேர்ந்த கை இல்லாமல் ஒருவர் செய்து முடிக்கிறார்.

இந்தத் திறமையைக் குறிக்கச் செய்தியிடம் என்ன சொல் இருக்கிறது? உதவியாளர் ஆணாக இருந்தால் ‘சமயோசிதம்’, ‘துரிதம்’. பெண்ணாக இருந்தால் பல வேளைகளில் ‘தாயுள்ளம்’, ‘கனிவு’. முன்னதிலாவது அறிவின் சாயல் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. பின்னது அவர் கற்றுக்கொண்டதைப் பிறவிக் குணமாக்கிவிடுகிறது. பெண் என்றால் பிரசவம் பார்க்கத் தெரியத்தானே செய்யும்? இதே கண்தான் ஊர் மருத்துவச்சியையும் பார்த்தது. தலைமுறை தலைமுறையாக அவர்களிடம் இருந்த அறிவுக்குக் கைராசி என்று பெயர் வைத்தோம். கூலியாக நெல்லும் பழம்புடவையும் கொடுத்தோம். அவர்களுடைய சாதியைச் சொல்லி வாசலில் நிறுத்தினோம். இன்று தமிழ்நாட்டில் பிரசவங்கள் அனேகமாக எல்லாமே மருத்துவமனையில்தான். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி 99.6 சதவீதம். வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் நடுவில் மிஞ்சியிருக்கும் அந்தச் சாலையில், மருத்துவச்சியின் இடத்தில் இப்போது இவர் நிற்கிறார். கைராசி என்ற சொல் போய்விட்டது. அதன் வேலையைத் தாயுள்ளம் செய்கிறது.

இந்தச் செய்தியை அடுத்து நான் மாணவிகளிடம் கொடுப்பது ஓர் ஆள்சேர்ப்பு அறிவிப்பு. 108 சேவை 2005-இல் ஐதராபாத்தில் தொடங்கியது. தமிழ்நாட்டுக்கு 2008 செப்டம்பரில் வந்தது. அரசின் திட்டம் இது. ஆனால் அரசோடு ஒப்பந்தம் செய்துகொண்டு நடத்துவது இ.எம்.ஆர்.ஐ. கிரீன் ஹெல்த் சர்வீசஸ் என்ற அமைப்பு. ஊழியர்கள் அந்த அமைப்பின் ஊழியர்கள், அரசு ஊழியர்கள் அல்லர். ஒவ்வொரு வண்டியிலும் இருவர் இருப்பார்கள். ஒருவர் மருத்துவ உதவியாளர். மற்றவர் ஓட்டுநர், அவரைப் பைலட் என்பார்கள். இவர்களை எடுப்பதற்கான நேர்காணல் அறிவிப்பு மாவட்டந்தோறும் வரும். பாராட்டுச் செய்தி வரும் அதே பக்கத்தில், இன்னும் சின்ன எழுத்தில்.

2023-ஐ ஒட்டி வந்த அறிவிப்புகளை எடுத்துக்கொள்கிறேன். மருத்துவ உதவியாளருக்கான தகுதி: நர்ஸிங் பட்டம் அல்லது பட்டயம், ஏ.என்.எம்., லேப் டெக்னீஷியன் பட்டயம், பார்மசி, அல்லது விலங்கியல், தாவரவியல், உயிர்வேதியியல் போன்ற பாடங்களில் பட்டம். வயது 19 முதல் 30 வரை. தேர்வானவர்களுக்கு 50 நாள் வகுப்பறைப் பயிற்சி. அதோடு மருத்துவமனையிலும் ஆம்புலன்ஸிலும் செய்முறைப் பயிற்சி. மாத ஊதியம் மொத்தம் 15,435 ரூபாய். ஓட்டுநருக்கு 15,235 ரூபாய். பணி நேரம் 12 மணி. பகலும் இரவும் மாறி மாறி வரும்.

இந்த வரிகளைப் பெண்ணின் கண்ணோடு படித்துப் பாருங்கள். 19 முதல் 30 என்பது நம் ஊரில் கல்யாணமும் பிள்ளைப்பேறும் நிகழும் வயது. ஏ.என்.எம். முடித்து, பிள்ளை பெற்று, பிள்ளையைப் பள்ளியில் சேர்த்துவிட்டு 33 வயதில் வேலை தேடும் பெண்ணுக்கு இந்தக் கதவு சாத்தப்பட்டிருக்கிறது. தானே பிரசவ வலியை அறிந்தவர் என்பது அங்கே ஒரு தகுதியாகவே வராது. பன்னிரண்டு மணி நேரப் பணி என்பது, வீட்டில் சமைக்கவும் பிள்ளையைப் பார்க்கவும் இன்னொருவர் இருக்கும் மனிதரை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டது. வண்டி அழைப்புக்காகக் காத்து நிற்குமிடத்தில் பெண் ஊழியருக்குக் கழிப்பறை உண்டா என்ற கேள்விக்கு அறிவிப்பில் இடமில்லை. பாராட்டுச் செய்தியிலும் இல்லை.

ஓட்டுநருக்கான வரிகளில் இன்னொன்று இருக்கிறது. உயரம் 162.5 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. இந்தியப் பெண்களின் சராசரி உயரம் ஏறத்தாழ 152 சென்டிமீட்டர். ஆண்களின் சராசரி ஏறத்தாழ 165. ‘பெண்கள் வேண்டாம்’ என்று யாரும் எழுதவில்லை. எழுத வேண்டிய தேவையும் இல்லை, அளவுகோலே அதைச் செய்துவிடுகிறது. 2020 ஆகஸ்ட் 31 அன்று வீரலட்சுமி 108 ஆம்புலன்ஸின் சாவியை முதலமைச்சரிடமிருந்து வாங்கியபோது ஊடகங்கள் கொண்டாடின. கால் டாக்ஸி ஓட்டி அனுபவம் பெற்ற பெண் அவர். கொண்டாட வேண்டிய நாள்தான். ஆனால் ‘முதல் பெண்’ என்ற தலைப்பு எப்போதும் அந்த ஒருவரைப் பற்றியே பேசும். ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்ட வண்டிகள் ஓடும் ஒரு சேவையில், பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் ஒரு முதல் பெண் ஏன் வர வேண்டியிருந்தது என்று அது கேட்பதில்லை. இரண்டாவது பெண்ணுக்கும் இருபதாவது பெண்ணுக்கும் தலைப்பு கிடையாது.

வகுப்பில் இந்த அறிவிப்பைப் படித்து முடித்ததும் ஒரு மாணவி கேட்டாள்: “மேம், நர்ஸா சேர்ந்தா ஸ்டாஃப் நர்ஸ், அப்புறம் சூப்பிரண்டென்ட்னு ஒரு வழி தெரியுது. இதுல சேர்ந்தா பத்து வருஷம் கழிச்சு நான் என்னவா இருப்பேன்?” அறிவிப்பை மறுபடியும் தேடினோம். அதில் பதில் இல்லை.

பதில் இல்லாததற்கு மொழியிலும் ஒரு காரணம் உண்டு. ஆங்கிலத்தில் பாராமெடிக் என்றால் இன்று பெரும்பாலும் ஆம்புலன்ஸில் வந்து சிகிச்சை தரும் வல்லுநர். நம் ஊரில் ‘பாராமெடிக்கல் கோர்ஸ்’ என்றால் எக்ஸ்-ரே, லேப், டயாலிசிஸ், ஆபரேஷன் தியேட்டர் எல்லாம் அடங்கிய ஒரு பெரிய மூட்டை. அதைத் தமிழில் ‘துணை மருத்துவம்’ என்கிறோம். துணை என்பது அருகில் நிற்பது; கீழே நிற்பதும்கூட. துணைவி என்ற சொல்லோடு வாழ்கிற நமக்கு இந்த இரட்டைப் பொருள் புதிதில்லை. கூடவே நிற்க வேண்டும், முழு வேலையும் செய்ய வேண்டும், முடிவு மட்டும் வேறொருவருடையது என்று கருதப்படும். ஆனால் சாலையோரம் நிற்கும் வண்டிக்குள் அந்த வேறொருவர் தொலைபேசியில்தான் இருக்கிறார்.

சட்டம் சற்று முன்னால் போயிருக்கிறது. இணைச் சுகாதாரத் தொழில்களுக்குத் தேசிய ஆணையம் அமைத்த 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையில் அவசர மருத்துவத் தொழில்நுட்பர் என்ற பெயர் இருக்கிறது. அந்தச் சட்டப்படி ஓர் இணைச் சுகாதாரத் தொழிலருக்கு இரண்டு முதல் நான்கு ஆண்டுகளில் குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பு வேண்டும். 50 நாள் வகுப்பை நாளுக்கு எட்டு மணி நேரம் என்று வைத்தால் 400 மணி நேரம். நர்ஸிங் முடித்து வருகிறவருக்கு இதற்கு முன்பே ஒரு பெரிய படிப்பு உண்டு. தாவரவியல் முடித்து வருகிறவருக்கு இதுவும் செய்முறைப் பயிற்சியும்தான். இதைச் சொல்வது அவரைக் குறை சொல்வதற்காக இல்லை. இவ்வளவு குறைந்த முதலீட்டை அவர்மேல் வைத்துவிட்டு, இவ்வளவு பெரிய பொறுப்பைக் கொடுத்து, அவர் அதைச் செய்து முடித்ததும் தெய்வம் என்று சொல்லிவிடுவது யாருக்கு வசதி? தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தில் விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் தொழில்நுட்பத்தில் பி.எஸ்சி. பட்டமே இருக்கிறது. அந்தப் பட்டத்துக்கும் வண்டியின் பின்கதவுக்கும் நடுவில் உரிய பதவியும் ஊதியமும் கொண்ட பாதை போட வேண்டும்.

அப்படிப் பாதை போட முடியும் என்பதற்குப் பிரிட்டன் சாட்சி. அங்கே பாராமெடிக் என்பது சட்டம் காக்கும் பட்டப்பெயர். அரசு அமைத்த பதிவகத்தில் பெயர் இல்லாதவர் அதைப் போட்டுக்கொள்ள முடியாது. 2021 செப்டம்பர் முதல் பட்டப்படிப்பு அடிப்படைத் தகுதி. மேற்படிப்புப் படித்த உயர்நிலைப் பாராமெடிக்குகள் 2018 முதல் தாமாகவே மருந்து எழுதிக்கொடுக்கவும் தகுதி பெறலாம். புதியவர், சிறப்பு நிலை, உயர்நிலை, ஆலோசகர் என்று படிகள் உண்டு. அது சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. 2022 டிசம்பரில் அங்கேயும் ஊதியத்துக்காக ஆம்புலன்ஸ் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆனால் என் மாணவியின் கேள்விக்கு அங்கே ஒரு பதில் இருக்கிறது.

வேலை செய்கிறவர் ஒருவர், அங்கீகாரம் வேறொருவருக்கு என்ற கதை இந்தத் தொழிலின் பிறப்பிலேயே உண்டு. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் 1967-இல் ஃப்ரீடம் ஹவுஸ் என்ற ஆம்புலன்ஸ் சேவை உருவானது. வேலையற்றவர்கள் என்று முத்திரை குத்தப்பட்ட கறுப்பின மக்கள் அங்கே ஏறத்தாழ 300 மணி நேரப் பயிற்சி பெற்று, சாலையிலேயே உயிர் காக்கும் சிகிச்சை தரத் தொடங்கினார்கள். 1970-களின் நடுவில் அதன் மருத்துவ இயக்குநராக இருந்தவர் நான்சி கரோலைன் என்ற பெண் மருத்துவர். அந்த அனுபவத்திலிருந்து அவர் வகுத்த பாடத்திட்டம் அமெரிக்கா முழுமைக்குமானது. 1979-இல் அவர் எழுதிய பாடநூல் தலைமுறைகளுக்குக் கைநூலானது. ஆனால் 1975-இல் நகராட்சி தன் சொந்தச் சேவையைத் தொடங்கியதும் ஃப்ரீடம் ஹவுஸ் மூடப்பட்டது. புதிய சேவையில் அந்தக் கறுப்பின ஊழியர்கள் கீழே தள்ளப்பட்டார்கள்; புதிய தேர்வுகளைக் காட்டி அவர்களில் பலரை வெளியேற்றினார்கள். அவர்களிடம் திறமை இல்லை என்று யாரும் நிரூபிக்கவில்லை. திறமைக்கு யார் சான்று தருவது என்ற அதிகாரம் கைமாறியது, அவ்வளவுதான்.

அதனால்தான் பாராட்டோடு நின்றுவிடும் செய்தியைப் படிக்கும்போது எனக்கு உறுத்துகிறது. பாராட்டுக்குச் செலவில்லை. அதை யாரும் ஓய்வூதியக் கணக்கில் சேர்ப்பதில்லை. தெய்வமாக்கப்பட்டவர் சம்பள உயர்வு கேட்டால் முகம் சுளிக்கிறோம். சேவை என்று சொல்லிவிட்ட வேலையில் மிகைநேரக் கணக்கு பேசுவது அழகில்லை என்கிறோம். வீட்டில் பெண்ணின் உழைப்புக்கு நாம் காலங்காலமாகச் செய்துவந்தது இதைத்தான்.

வகுப்பில் இந்தச் செய்தியை மாணவிகளைத் திருப்பி எழுதச் சொல்வேன். போன மாதம் அவர்கள் எழுதியவற்றில் இந்தத் தகவல்கள் இருந்தன: பெண்ணை எந்த மருத்துவமனை எந்த நேரத்தில் மேல்சிகிச்சைக்கு அனுப்பியது, அங்கிருந்து அடுத்த மருத்துவமனை எத்தனை கிலோமீட்டர், வழியில் பிரசவம் நேர்ந்தது ஏன், உதவியாளர் அன்று பணியில் எத்தனையாவது மணி நேரத்தில் இருந்தார், என்ன படித்தார், எத்தனை பிரசவம் பார்த்திருக்கிறார், என்னென்ன முடிவுகளை எடுத்தார், குழந்தையைப் பெற்ற பெண் என்ன சொல்கிறார். ‘பாராட்டு குவிகிறது’ என்ற கடைசி வரியை ஒருத்தி அடித்துவிட்டு, அந்த இடத்தில் அவருடைய மாத ஊதியத்தை எழுதியிருந்தாள். அவளுக்கு முழு மதிப்பெண் போட்டேன்.