குழந்தையின் கட்டளை: ஆரம்ப வகுப்புகளிற் கணினி ஆக்கத்திறன் பற்றிய ஒரு திறனாய்வு நோக்கு

கணினிக்கும் ஒரு திறனாய்வுத் துறை வேண்டும் என்னும் கருத்தைச் சீமோர் பேப்பர்ட் 1987ஆம் ஆண்டில் முன்வைத்தார். மாசாசூசெட்ஸ் தொழினுட்ப நிறுவகத்தைச் சேர்ந்த கணிதவியலாளராகிய அவர் அதற்கு முன்மாதிரியாகக் காட்டியது விஞ்ஞானத்தை அன்று, இலக்கியத் திறனாய்வையே. ஒரு நாவல் வாசகனுக்கு எத்தனை வீதம் பயன் தந்தது என்று எந்தத் திறனாய்வாளனும் கணக்கிடுவதில்லை. அது எத்தகையது, எவ்வாறு இயங்குகிறது, எந்தச் சமூகச் சூழலில் நின்று பேசுகிறது என்றே வினவுகிறான். கணினி மொழிகளையும் குழந்தைகளுக்கான கருவிகளையும் அவ்வாறே வாசித்தல் வேண்டும் என்பது பேப்பர்ட்டின் வேண்டுகோள்.

தமிழில் அவ்வேண்டுகோள் பெரும்பாலும் செவிமடுக்கப்படவில்லை. குழந்தையும் கணினியும் பற்றி இங்கு எழுதப்படுவன இருவகைப்படும்: ஒன்று வரவேற்புரை, மற்றது எச்சரிக்கை. இரண்டும் கருவியைத் திறந்து பார்ப்பதில்லை. யாருக்காக, எச்சமூகத்தில், எம்மொழியில் என்னும் வினாக்களை ஈழத்து இலக்கியத் திறனாய்வில் நிலைநிறுத்தியவர்கள் பேராதனையிற் பயின்ற க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும் ஆவர். பேராதனையிலிருந்து அதிக தூரமில்லாத திகன போன்றதோர் ஊரின் ஆரம்ப வகுப்பை மனத்திற் கொண்டு அதே வினாக்களைக் கணினிக் கருவிகளிடம் தொடுப்பது பொருத்தமுடையது.

முதலிற் சொல்லின் பொருளை வரையறுத்துக்கொள்ளல் அவசியம். ஆயத்தமாயுள்ள படத்துக்கு விரலால் வண்ணந் தீட்டுதலும், பாட்டொன்றை அழுத்திக் கேட்டலும், வினாவிடை விளையாட்டில் நட்சத்திரம் பெறுதலும் ஆக்கத்திறன் என்னும் பெயரால் வழங்கப்படுகின்றன. இவற்றிற் குழந்தை செய்வது தேர்தலேயன்றி ஆக்குதல் அன்று. ஆக்கம் என்பது முன்பு இல்லாத ஒன்றைத் தன் கட்டளையால் உண்டாக்குவது. அது பிழைத்தவிடத்து ஏன் பிழைத்ததென்று தேடுவதும் அதிலேயே அடங்கும்.

இப்பொருளில் ஆக்கத்தைக் குழந்தையின் கையில் முதன்முதல் ஒப்படைத்தது, 1967 இல் வாலி ஃபோயர்சைக், பேப்பர்ட், சிந்தியா சொலமன் ஆகியோர் உருவாக்கிய லோகோ என்னும் மொழியாகும். 'ஆமை' எனப் பெயர்பெற்ற சிறு பொறியொன்று, பின்னாளில் திரையில் ஒரு சிறு முக்கோணம், குழந்தையின் சொல்லுக்கு இணங்க முன்னே செல்லும், திரும்பும், சென்ற வழியே கோடு வரையும். பேப்பர்ட் 1958 முதல் 1963 வரை ஜெனீவாவிற் பியாஜேயுடன் பணிபுரிந்தவர். குழந்தை தன் அறிவைத் தானே கட்டியெழுப்புகிறது என்பதை அவரிடம் பெற்றுக்கொண்டார். அக்கட்டடத்துக்கு வேண்டிய பொருள்களைப் பண்பாடே வழங்குதல் வேண்டும் என்பதை அவர் தாமாகச் சேர்த்தார். 1980 இல் வெளிவந்த 'மைண்ட்ஸ்ரோம்ஸ்' என்னும் நூலின் உயிர்ப்பகுதி இதுவே. கணினி குழந்தையைப் பழக்குகிறதா, குழந்தை கணினியைப் பழக்குகிறதா என்ற அந்நூலின் வினா இன்னும் பழசாகவில்லை.

நூலின் குறையும் அங்கேயே உள்ளது. லோகோ கற்ற பிள்ளை எல்லாத் துறைகளிலும் ஒழுங்குற எண்ணும் என்னும் நம்பிக்கை அதில் ஊடுருவி நிற்கிறது. நியூயோர்க்கிலுள்ள பாங்க் ஸ்ரீட் கல்வியியற் கல்லூரியில் ரோய் பீயும் மிடியன் கேர்லண்டும் 1984 இல் வெளியிட்ட ஆய்வு இதனை ஐயுறச் செய்தது: ஓராண்டு லோகோ பயின்ற பிள்ளைகள் வகுப்பறை வேலைகளைத் திட்டமிடுவதிற் பயிலாதாரைவிடச் சிறந்து நிற்கவில்லை. 2012 இல் பெருநாட்டிற் பிள்ளைக்கொரு மடிக்கணினி வழங்கிய திட்டத்தைப் பரிசீலித்தோரும் கணிதத்திலோ மொழியிலோ அடைவு உயர்ந்ததற்குச் சான்று காணவில்லை. முற்கூறிய 1987ஆம் ஆண்டுக் கட்டுரை பீயின் ஆய்வுக்கு மறுமொழியாகவும் அமைந்தது. கருவியைத் தனியே பிரித்தெடுத்து அதன் 'விளைவை' அளப்பது தவறென்றார் பேப்பர்ட். அம்மறுமொழியில் நியாயம் உண்டு. தப்பித்தலும் சிறிது உண்டு. எத்தோல்வியையும் சூழலின்மேற் சுமத்திவிடலாமாயின் எக்கருவியும் தோற்காது. எனினும் ஆரம்ப வகுப்பில் ஆமையை அனுமதிக்க, அது கணிதப் புள்ளியை உயர்த்தும் என்று நிறுவவேண்டிய தேவை இல்லை. சித்திரமும் பாட்டும் அவ்வாறு நிறுவிக்கொண்டா பாடசாலைக்குள் வந்தன?

இலக்கியம் பயின்றோர் சொல்ல வல்லதும், கல்வியியலார் பெரும்பாலுங் காணாது விடுவதும் மொழியமைப்புப் பற்றியது. லோகோவின் கட்டளை 'ஃபோர்வர்ட் 50' என்பது. செயல் முன்னே நிற்க, அளவு பின்னே வருகிறது. ஆங்கிலக் குழந்தைக்கு அது தன் பேச்சின் சுருக்கம். தமிழ்க் குழந்தையோ 'ஐந்து அடி முன்னே போ' என்றே சொல்லும். வினை இறுதியில் நிற்றல் தமிழின் இயல்பு. ஆகவே ஆங்கிலச் சொற்களைத் தமிழ்ச் சொற்களால் ஈடுசெய்வதனால் மட்டும் ஒரு கருவி தமிழ்க் கருவி ஆகிவிடாது.

இத்திசையில் நிகழ்ந்த முயற்சிகளுள் முத்து அண்ணாமலையின் 'எழில்' விரிவான வாசிப்புக்கு உரியது. 2009 இல் ஒரு கட்டுரையால் அறிமுகமான இந்நிரல்மொழி தமிழ் மாணாக்கரை மனங்கொண்டு அமைக்கப்பட்டது. ஆமைவரைவுக்கும் அதில் இடமுண்டு. அதன் நிபந்தனைத் தொடர் வருமாறு அமையும்:

@( வயது > 5 ) ஆனால்

நிபந்தனை முன்னும் 'ஆனால்' பின்னுமாக நிற்கின்றன. ஆங்கிலத்தின் முற்சொல்லை அதே இடத்தில் வைத்துப் பெயர்க்காது, தமிழின் ஒழுங்கிற்கு இணங்கப் பின்னே கொணர்ந்தமை இம்மொழியின் தலையாய சிறப்பு. அது சொற்பெயர்ப்பாளனின் வேலை அன்று. மொழியின் போக்கை உணர்ந்தவனின் வேலை. ஆயினும் அதே மொழியில் அச்சிடுங் கட்டளை இவ்வாறு வருகிறது:

பதிப்பி "வணக்கம்"

இங்கே வினை மீண்டும் தலைமாறி முன்னே போய்விடுகிறது. ஒரே நிரலின் ஒரு வரி தமிழாகவும் அடுத்த வரி ஆங்கிலமாகவும் நடப்பதை வளர்ந்தோர் பொருட்படுத்தார். எட்டு வயதுப் பிள்ளைக்கு இலக்கணம் என்பது காதுதான். காது இதனை ஒப்புவதில்லை.

சொற்பொருளிலும் இடறல்கள் உள. 'ஆனால்' என்பது 'ஆயின்' என்னும் நிபந்தனைப் பொருளை உடையதேயெனினும், பிள்ளை அதனை முதலில் அறிவது முரண் காட்டும் இணைப்புச் சொல்லாகவே. தமிழ்ப் பேச்சில் நிபந்தனை தனிச் சொல்லாக நில்லாது வினையோடு ஒட்டிவரும்: பெய்தால், வந்தால், முட்டினால். இதனினும் பெரிய சிக்கல் 'வரை' என்பதாகும். நிபந்தனை மெய்யாயிருக்குங்காறும் ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்விக்க எழில் இச்சொல்லைக் கையாள்கிறது. '@( அ < 10 ) வரை' என்று வாசிக்கும் குழந்தை, அ பத்துக்குக் குறைவாகும் வரை செய்க என்று விளங்கிக்கொண்டால் அது குழந்தையின் பிழையன்று. கணினி செய்வதோ நேர்மாறு: குறைவாயிருக்கும் வரை செய்கிறது. தமிழ் 'ஆகும் வரை' என்றும் 'இருக்கும் வரை' என்றும் பெயரெச்சத்தினால் வேறுபடுத்துவதைக் குறியீடு விழுங்கிவிட்டது. இத்தகைய நுணுக்கங்களைத் தீர்க்கப் பொறியியலாளரோடு தமிழ் இலக்கணம் பயின்றோரும் அமர்ந்திருத்தல் வேண்டும். பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகள் இப்பணியைத் தமதெனக் கருதாமை வியப்புக்குரியது.

வழி இல்லாமலில்லை. 2007 இல் மிச்சல் ரெஸ்னிக் குழுவினர் வெளியிட்ட ஸ்கிராச்சில் கட்டளை ஒரு கட்டையாகத் தோன்றும். எண்ணை இடும் குழி அக்கட்டையின் எவ்விடத்திலும் அமையலாம். ஆதலின் வினை ஈற்றில் நிற்கும் யப்பானிய மொழியிலும் துருக்கிய மொழியிலும் அக்கட்டை எண்ணை முன்னும் வினையைப் பின்னுமாகக் கொண்டு வருகிறது. தமிழுக்கும் வேண்டுவது அதுவே. கட்டளையின் தொனியும் கவனத்துக்குரியது. 'எழுதுக', 'வரைக', 'கூறுக' என்னும் வியங்கோள் வடிவங்களைப் பிள்ளை வினாத்தாளிலிருந்து தன்னை நோக்கி வருவனவாகவே அறியும். ஆமையை அது அழைப்பது 'போ', 'திரும்பு' என்று. நண்பனை அழைப்பது போல. 'நகர்த்துக', 'சுழற்றுக' என்று பெயர்த்துவைத்தால் வகுப்பறைக்குள் மற்றுமொரு பரீட்சகர் நுழைந்துவிடுவார்.

இனித் திகனைக்கு வரலாம். கண்டியிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீற்றர் தொலைவில், மகியங்கனை வீதியில், விக்டோரியா நீர்த்தேக்கத்தை அண்டி அமைந்த இவ்வூரிலும் அயலிலும் சிங்களவரும் முஸ்லிம்களும் தமிழரும் வாழ்கின்றனர். கடைத்தெரு ஒன்றே, கல்வி மொழியோ சிங்களம், தமிழ் என இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. அதனால் அயல்வீட்டுப் பிள்ளைகள் ஐந்து வயதிலேயே வேறுவேறு வாயில்களுக்குட் புகுகின்றனர். ஆயினும் கட்டளையின் ஒழுங்கில் அவர்களிடையே வேற்றுமை மிகச் சிறிது. 'ஐந்து அடி முன்னே போ' என்பதைச் சிங்களப் பிள்ளை 'அடி பஹக் இஸ்ஸரஹட்ட யன்ன' என்று சொல்லும். எண்ணும் பெயரும் இடம் மாறினும் வினை ஈற்றிலேயே நிற்கிறது. 'அடி' என்னுஞ் சொல்லும் இருவர்க்கும் பொது. ஒரே வடிவுடைய கட்டைகளில் இரு மொழிகளையும் எழுதிவைத்தால், ஒருவர் அமைத்த நிரலை மற்றவர் இடத்தைக் கொண்டே வாசிக்கக்கூடும். நல்லிணக்க விழாக்களில் ஒப்புவிக்கப்படும் இருமொழி வாழ்த்துகளைவிட இது உறுதியான அடித்தளம் எனலாம்.

வரைவதற்குரிய பொருளும் அயலிலேயே உண்டு. திகன அமைந்த தும்பறைப் பள்ளத்தாக்கு, நாரினால் நெய்யப்படும் தும்பறைப் பாய்க்குப் பெயர்பெற்றது. 2021 இல் யுனெஸ்கோ அக்கைவினையை மானிடத்தின் அருவ மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. அதன் உருக்கள் எண்ணி எண்ணி நெய்யப்படுவன. ஒரு வரி மீளமீள வந்து, பின் ஓர் இழை தள்ளித் தொடர்கிறது. துளையிட்ட அட்டைகளால் நெசவை ஆண்ட ஜக்காட் தறி பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோன்றியதும், கணினிக்கு மூதாதையாக அது எண்ணப்படுவதும் பலர் அறிந்தவை. தமிழ் வீட்டு முற்றத்துக் கோலத்துக்கும் இவ்வுறவு உண்டு. சென்னையில் கிவ்ற் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிரிதிவாசன் ஆகியோர் 1974 இலேயே கோலத்தை முறையான இலக்கணங்களால் விவரித்துக் கட்டுரை வெளியிட்டனர். எனவே பாயையும் கோலத்தையும் ஆமைக்குக் கற்பிக்கும் பிள்ளை புதுமையொன்றை இரவல் வாங்கவில்லை. நடைமுறை நன்மையும் ஒன்றுண்டு. நட்சத்திரம் வரைய 144 பாகை திரும்பவேண்டும்; மூன்றாந் தரப் பிள்ளை பாகையை அறியாது. பாய் உருவில் முழங்கை மடிப்பு ஒன்றே போதும்: இத்தனை அடி போ, வலப்பக்கம் திரும்பு. கணினி இல்லாத வகுப்பிலும் முற்றத்திற் கட்டம் கீறி ஒரு பிள்ளை ஆமையாகவும் மற்றொரு பிள்ளை கட்டளையிடுவோனாகவும் இதனை ஆடலாம்.

திகன என்ற பெயர் உலகச் செய்திகளில் இடம்பெற்றது வேறு காரணத்தால். 2018 மார்ச் முதல் வாரத்தில் அங்கு முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறை மூண்டது, வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன, உயிரிழப்பும் நேர்ந்தது. மார்ச் 6 இல் நாடெங்கும் அவசரகால நிலை அறிவிக்கப்பட்டது. முகநூல், வாட்ஸ்அப் முதலியன சில நாள்கள் முடக்கப்பட்டன. வெறுப்புப் பேச்சும் வதந்தியும் தன் தளத்திற் பரவியமைக்காக 2020 மே மாதத்தில் முகநூல் நிறுவனம் மன்னிப்புக் கோரியது. உள்ளூர் மொழியில் எழுதப்பட்டதை வாசித்துத் தடுக்கத்தக்கோரை அந்நிறுவனம் போதிய அளவில் வைத்திருக்கவில்லை. ஆகவே இவ்வூரில் கணினியும் கைபேசியும் குற்றமற்ற விளையாட்டுப் பொருள்களாகப் பிள்ளைகளின் வீடுகளுக்குள் வரவில்லை. நிரல் கற்பித்தாற் கலவரம் ஒழியும் என்று சொல்வது பேதைமை. கலவரஞ் செய்தோர் கல்லாமையினாற் செய்தனர் என்பதும் பொய். எனினும், தன் கையால் ஒரு படத்தை அசைத்து, அதன் வாயில் ஒரு குரலைப் பொருத்திப் பார்த்த பிள்ளைக்கு, திரையில் அசையும் எதுவும் எவரோ ஒருவரால் ஆக்கப்பட்டது என்பது தெரிந்திருக்கும். 'இதை யார் செய்தார்?' என்ற வினா உபதேசத்தால் வருவதன்று. செய்துபார்த்த கைக்கே அது வரும்.

தடை எங்கே உள்ளது? கருவி இல்லாமையில் மட்டும் அன்று. 1999 இல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் விளையாட்டு, செயற்பாடு, மேசைவேலை என்னும் மூவகைக் கற்றலை வகுத்தது. ஆமைக்கு அதில் தாராளமாக இடமுண்டு. அவ்விடத்தை ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சை பறித்துக்கொண்டது. மூன்றாந் தரத்திலேயே பிள்ளை மாலை வகுப்புக்குச் செல்கிறது. அங்கே பிழை என்பது இழந்த புள்ளி. ஆமையின் உலகிலோ பிழையே வேலையின் தொடக்கம்: பாயின் கரை கோணிப்போனால் எத்தனையாவது அடியிற் கோணியது என்று பின்னோக்கிச் சென்று பார்க்கவேண்டும். இவ்விரு மனப்பாங்குகளும் ஒரே கால அட்டவணையில் அடுத்தடுத்த பாடங்களாக நிற்கமாட்டா. வாரத்துக்கு 40 நிமிடம் ஒதுக்கி, அதன் முடிவிற் புள்ளியிட்டால், நிரலும் மனனஞ் செய்யப்படும். சிறந்த ஆமைக்குச் சான்றிதழும் வழங்கப்படும்.

ஆசிரியரின் நிலையும் இலகுவானதன்று. தோட்டப்புறத் தமிழ்ப் பாடசாலையில் ஓராசிரியர் இரு வகுப்புகளை ஒருங்கே நடத்தவேண்டிய நாள்கள் உண்டு. அவருக்குத் தேவை ஆங்கிலத்திலிருந்து பெயர்த்த தடித்த கைந்நூல் அன்று. தாமே ஒரு மாலை அமர்ந்து ஒரு கோலத்தை ஆமைக்குச் சொல்லிக்கொடுத்து, அது தவறி, திருத்தி, மீண்டும் தவறி முடித்த அனுபவம். அந்த மாலையை ஆசிரியர் பயிற்சியின் எப்பகுதியிலிருந்து எடுப்பது, அதனைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒரே மண்டபத்தில் நடத்த எவர் முன்வருவார் என்பனவே கல்வி அதிகாரிகள் முதலில் விடையளிக்கவேண்டிய வினாக்கள்.