சிவப்பு விளக்கு அணைந்த பிறகு

தமிழ் சினிமாவின் ஆஸ்பத்திரிக் காட்சி உங்களுக்கே மனப்பாடமாக இருக்கும். ஆபரேஷன் தியேட்டர் வாசலுக்கு மேலே சிவப்பு பல்பு. பெஞ்சில் அம்மா. தூணில் சாய்ந்து நண்பன். பல்பு அணைகிறது. டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்து, '24 மணி நேரம் கழிச்சுத்தான் எதுவும் சொல்ல முடியும்' என்கிறார். அம்மா கோயிலுக்கு ஓடுகிறார், மணி அடிக்கிறது, இங்கே ஹீரோவின் சுண்டுவிரல் அசைகிறது. அவ்வளவுதான். அடுத்த காட்சியில் மனுஷன் பத்து பேரை அடிக்கிறார்.

இதை நாம் கேலி செய்து அலுத்துவிட்டோம். ஆனால் இதற்குள் இன்னொரு பொய் இருக்கிறது, அதை யாரும் கேலிகூடச் செய்வதில்லை. பிழைத்து எழுந்தவன் பழைய ஆளாகவே எழுந்திருக்கிறான் என்கிற பொய்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு என்றால், ஒரு கடிதம். கொல்லிமலை குண்டனி நாட்டிலிருந்து வந்தது. (கொல்லிமலையில் 14 நாடுகள் உண்டு. வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு என்று. நாடு என்றவுடன் பாஸ்போர்ட் எடுக்க வேண்டாம். சில சிற்றூர்கள் சேர்ந்தால் ஒரு நாடு.) எழுதியவர் டிப்ளமா முடித்த இளைஞர். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அவருடைய அப்பா மிளகு விவசாயி. 52 வயது. நிமோனியா முற்றி, மலையிறங்கி, ஒரு டவுன் ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் வென்டிலேட்டரில் இருந்து மீண்டிருக்கிறார். ஐந்து மாதம் ஆகிறது. எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறதாம். ஆனால் இதுவரை பேப்பர், பேனா இல்லாமல் கிலோவையும் விலையையும் பெருக்கிச் சொன்னவர், இப்போது சந்தையில் தராசுக்கு முன்னால் நின்று விழிக்கிறார். பேரன் பெயர் நாக்கு நுனியில் நின்றுவிடுகிறது. உப்பு வாங்கப் போனவர் கடைவாசலில் எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பி வருகிறார். சட்டென்று அழுகிறார். ராத்திரியில் பயந்து எழுகிறார். ஐ.சி.யூ.வில் அவருக்கு ஒன்று தெரிந்ததாம்: பஸ்ஸில் கட்டிப்போட்டு மலையிலிருந்து இறக்கிக்கொண்டே இருக்கிறார்கள், 70 கொண்டை ஊசி வளைவும் முடிந்த பிறகும் வளைவு வந்துகொண்டே இருக்கிறது. அது கனவு என்று அவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

ஊரில் இரண்டு கட்சி. ஒரு கட்சி காத்து கருப்பு என்கிறது. இன்னொன்று, 'உசுரோட வந்ததே பெரிசு, உடம்பு வணங்காம உக்காந்திருக்காரு' என்கிறது. இரண்டாவது கட்சிதான் அவரை அதிகம் புண்படுத்துகிறதாம்.

கடிதத்தின் கடைசி வரிகள்தான் என்னை மாட்டிவிட்டன. 'இந்த மாதிரி ஆன ஒருத்தரைப் பத்தி தமிழ்ல கதையோ படமோ இருந்தா சொல்லுங்க சார். அப்பாவுக்குக் காட்டணும். உலகத்துல தனக்கு மட்டும்தான் இப்படின்னு நெனச்சிக்கிட்டிருக்காரு.'

வைத்தியம் கேட்டிருந்தால் டாக்டரைப் பாருங்கள் என்று தப்பித்திருக்கலாம். கதை கேட்டுவிட்டார். தேடினேன்.

முதலில் ஞாபகம் வந்தது ஸ்ரீதரின் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962). ஏறக்குறைய முழுப் படமும் ஆஸ்பத்திரிக்குள்ளேயே நடக்கிறது. அருமையான படம், சந்தேகமில்லை. ஆனால் அங்கே நோய் என்பது முக்கோணக் காதலுக்கு ஒரு மேடை. நோயாளி முத்துராமன் பிழைத்துவிடுகிறார், டாக்டர் கல்யாண்குமார் இறந்துவிடுகிறார். பிழைத்தவர் ஆறு மாதம் கழித்து எப்படி இருந்தார் என்பது ஸ்ரீதருக்குத் தேவைப்படவில்லை. 'வசூல்ராஜா எம்.பி.பி.எஸ்.' (2004) வந்தபோது கட்டிப்பிடி வைத்தியத்தை எல்லாரும் ரசித்தோம். நானும்தான். ஆஸ்பத்திரியில் மனுஷத்தனம் குறைவு என்று அந்தப் படம் சொன்னது உண்மை. அன்பு இருந்தால் நரம்பும் மூளையும் கூடச் சொன்னபடி கேட்கும் என்று சொன்னது சர்க்கரை.

அடுத்து 'மூன்றாம் பிறை' (1982). விபத்தில் குழந்தையாகிப்போன பெண், ஒரு வைத்தியரிடம் போய் முழுசாகக் குணமாகிறாள். குணமான கையோடு இடைப்பட்ட நாட்களும் அழிந்துவிடுகின்றன. கேத்தி ஸ்டேஷனில் ரயில் கிளம்பும்போது கமல் படும் பாட்டை யாரும் மறக்க முடியாது. பார்த்துக்கொண்டவன் படும் வலியைப் பற்றி அதைவிட நல்ல படம் தமிழில் இல்லை என்பேன். ஆனால் அவளுடைய மூளை ஒரு ஸ்விட்ச். ஆஃப், பிறகு ஆன். 'கஜினி'யிலும் (2005) அதேதான். அங்கே ஸ்விட்சுக்கு 15 நிமிட டைமர் வைத்திருந்தார்கள். நம் கதைகளில் ஞாபகம் ஒன்று இருக்கும், அல்லது இருக்காது. மிளகுக்காரருக்கு நடந்ததோ இரண்டும் இல்லை. எல்லாம் ஞாபகம் இருக்கிறது, எடுக்க நேரமாகிறது. கணக்குத் தெரியும், பாதிக் கணக்கில் எங்கே விட்டோம் என்று தெரிவதில்லை. இதை எப்படிப் படம் பிடிப்பது? கஷ்டம்தான். அதற்காக இல்லை என்று ஆகிவிடாதே.

இல்லாத ஒன்றா இது? 1952ல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது, பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருந்து டாக்டர் தொண்டையில் துளை போட்டுக் கையால் காற்றை அழுத்தி நோயாளிகளைக் காப்பாற்றிக் காட்டினார். மருத்துவ மாணவர்கள் ஷிப்ட் போட்டு ராப்பகலாகப் பையை அழுத்தினார்கள். இன்றைய ஐ.சி.யூ. அங்கிருந்து பிறந்தது. அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள், எத்தனை பேர் உயிரோடு வெளியே போனார்கள் என்பதுதான் ஒரே கணக்கு. போனவர்கள் வீட்டில் என்ன ஆனார்கள் என்பதைக் கேட்க வெகுகாலம் ஆனது. 2010ல் அமெரிக்காவில் தீவிர சிகிச்சை மருத்துவர்கள் கூடிப் பேசி, இந்தத் தொந்தரவுகளுக்கெல்லாம் சேர்த்து 'போஸ்ட் இன்டென்சிவ் கேர் சிண்ட்ரோம்' என்று ஒரு பெயர் வைத்தார்கள். உடல் பலவீனம் ஒன்று, யோசிக்கும் திறனில் குறை ஒன்று, பயமும் சோர்வுமாக மனக்கோளாறு ஒன்று. பார்த்துக்கொள்ளும் குடும்பத்துக்கும் இது வரும் என்று சேர்த்தே எழுதினார்கள்.

2013ல் நியூ இங்கிலாந்து ஜர்னலில் ஓர் ஆய்வு வந்தது. அமெரிக்காவில் நாஷ்வில் நகரத்து ஐ.சி.யூ.க்களில் சேர்ந்த 821 பேர். அதில் 74 சதவீதம் பேருக்கு ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே டெலிரியம், அதாவது புத்தி தடுமாறி இல்லாதது தெரியும் நிலை. நம்மவரின் பஸ் அந்த வகைதான். ஒரு வருஷம் கழித்துச் சோதித்தபோது, சுமார் மூன்றில் ஒருவருக்கு யோசிக்கும் திறன் தலையில் ஓரளவு பலமாக அடிபட்டவர்கள் அளவுக்கு இறங்கியிருந்தது. நான்கில் ஒருவருக்கு லேசான அல்சைமர் அளவு. கிழவர்களுக்கு மட்டும் இல்லை, இளவயசுக்காரர்களுக்கும். டெலிரியம் எத்தனை நாள் நீடித்ததோ அந்தளவுக்குப் பின்னால் பாதிப்பும் அதிகம் என்று தெரிந்தது.

ஆக, கொல்லிமலையில் ஒருவர் தராசுக்கு முன்னால் விழித்தால், சோம்பலும் இல்லை, காத்து கருப்பும் இல்லை. 'தனக்கு மட்டும்தான்' என்பது நிச்சயமாக இல்லை.

சரி, மனச்சோர்வைப் பற்றியாவது நம்மிடம் கதை இருக்கிறதா என்று பார்த்தேன். ஏனென்றால் பாதி அடையாளங்கள் ஒன்றுதான். டிப்ரஷன் என்றால் சோகமாக ஜன்னலைப் பார்ப்பது என்று நினைக்கிறோம். மருத்துவப் புத்தகத்தில் உள்ள அடையாளங்களில் கவனம் நிற்காமல் போவது, சின்ன முடிவுகூட எடுக்க முடியாமல் போவது இரண்டும் உண்டு. பைபோலார் நோயில் இன்னும் ஒரு படி மேல். அலை அடங்கி, ஆள் சாதாரணமாக இருக்கிற மாதங்களில்கூட பலருக்கு ஞாபகமும் கவனமும் பழைய வேகத்துக்கு வருவதில்லை. 'இப்பத்தான் நல்லாயிட்டியே, வேலைக்குப் போறதுக்கென்ன?' என்கிற கேள்வி அவர்கள்மேல் விழுவது இந்த மாதங்களில்தான்.

'3' (2012) படத்தைப் பாட்டுக்காகப் போய்ப் பார்த்தவர்கள் அதிகம். தமிழில் பைபோலார் என்ற பெயரை வெகுஜனத்துக்கு அறிமுகம் செய்தது அந்தப் படம்தான் என்பதால் அதைச் சும்மா விட முடியாது. தனுஷ் நன்றாகச் செய்திருக்கிறார். ஆனால் திரைக்கதை நோயிலிருந்து எடுத்துக்கொண்டது இல்லாத உருவங்களையும் கோபத்தையும் முடிவில் சாவையும்தான். அவன் மனைவியிடம் மறைக்கிறான், நண்பன் கூடச் சேர்ந்து மறைக்கிறான், அந்த மறைப்பைப் படம் தியாகம்போலக் காட்டுகிறது. எனக்குக் கோபம் வந்தது இங்கேதான். மாத்திரையோடு வேலைக்குப் போய், சண்டை போட்டு, சமைத்து, மறந்து, மறுபடி டாக்டரைப் பார்த்து வாழ்கிறவர்கள் எத்தனையோ பேர் நம் தெருவில் இருக்கிறார்கள். படம் பார்த்துவிட்டு வந்தவர் அவர்களைப் பார்த்துப் பயப்படத்தான் கற்றுக்கொண்டிருப்பார்.

சினிமாக்காரர்களை மட்டும் திட்டினால் நியாயமில்லை. இலக்கியவாதிகள் ஆத்மாநாமுக்குச் செய்ததும் கிட்டத்தட்ட இதுதான். 1951ல் பிறந்து 1984ல் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்ட கவிஞர். 'ழ' என்ற சிறுபத்திரிகையை நடத்தியவர். அஃபெக்டிவ் டிஸார்டர் என்ற மனநிலைக் கோளாறு அவருக்கு இருந்தது. அவருடைய கவிதைகளைப் பற்றிய பேச்சில் பாதி அந்தச் சாவிலிருந்து பின்னோக்கி நடக்கிறது. ஒரு வரியில் இருட்டு வந்தால், பாருங்கள், அப்போதே தெரிந்தது என்கிறார்கள். எனக்கு வேறு ஒரு ஆச்சரியம். மனம் ஏறி இறங்கிக்கொண்டிருந்த ஆள், எவ்வளவு தெளிவாக, சொல்லை வீணாக்காமல், அங்கங்கே நக்கலாகவும் எழுதியிருக்கிறார்! நோய் எழுதிய கவிதைகள் என்று சொன்னால் அந்த உழைப்பை யார் கணக்கில் எழுதுவது? நோய் கவிதையைக் கொடுக்காது. எழுத உட்கார வேண்டிய காலையை எடுத்துக்கொண்டு போகும்.

கடைசியில் ஒன்று கிடைத்தது. எம்.வி. வெங்கட்ராமின் 'காதுகள்'. 1993ல் சாகித்ய அகாதமி பரிசு வாங்கிய நாவல். கும்பகோணத்தில் ஜரிகை வியாபாரம் பார்த்தவர், தன் சொந்த அனுபவத்திலிருந்து எழுதினார். நாவலில் மகாலிங்கத்தின் காதுகளுக்குள் குரல்கள் பேசத் தொடங்கி, நிறுத்தாமல் பேசுகின்றன. ஐ.சி.யூ. இல்லை, வென்டிலேட்டர் இல்லை, நோயும் வேறு. ஆனால் மிளகுக்காரரின் நிலைமைக்கு இதைவிட நெருங்கிய புத்தகத்தை நான் காணவில்லை. காரணம் ஒன்றுதான்: உள்ளே இருந்து எழுதப்பட்டிருக்கிறது. குரல்கள் ஒருபக்கம் கூத்தடிக்கும்போதே குடும்பக் கஷ்டமும் நடக்கிறது. பைத்தியம் என்று வெளியிலிருந்து பார்த்துச் சிரிக்க இடமே இல்லை. பல இடங்களில் ஒரே மாதிரி சுற்றிச் சுற்றி வருவது அலுப்பூட்டும். அந்த அலுப்பையும் சேர்த்துத்தான் அவர் வருஷக்கணக்கில் அனுபவித்தார் என்று நினைத்தால் குறை சொல்ல மனம் வரவில்லை.

கொல்லிமலைக்காரருக்குப் பதில் எழுதினேன். காதுகளை அப்பா கையில் அப்படியே கொடுக்க வேண்டாம், முதலில் நீங்கள் படியுங்கள், சில பக்கங்கள் அவரைப் பயமுறுத்தும். பொருத்தமான இடத்தை நாளைக்கு இரண்டு பக்கம் படித்துக் காட்டுங்கள், அதற்குமேல் அவருக்குக் கவனம் நிற்காது. பஸ் கதையைப் பொய் என்று வாதாடாதீர்கள். அந்த ஒன்பது நாள் நிஜத்தில் என்ன நடந்தது, யார் பக்கத்தில் இருந்தார்கள், எந்த நாள் குழாயை எடுத்தார்கள் என்று ஒரு நோட்டில் தேதிவாரியாக எழுதிக் கொடுங்கள். ஐரோப்பாவில் பல ஐ.சி.யூ.க்களில் நர்சுகளும் உறவினர்களும் இப்படி டயரி எழுதுகிறார்கள். பின்னால் வரும் பயம் அதனால் குறைகிறது என்று 2010ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. சந்தைக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், கணக்கை மட்டும் கொஞ்சநாள் நீங்கள் போடுங்கள், காதோடு சொல்லுங்கள். நாமக்கல் அரசு ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரிடம் ஐ.சி.யூ.வில் இருந்ததை முதலிலேயே சொல்லுங்கள். மலையிறங்க முடியாத நாளில் 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் இருக்கிறது. அரசாங்கம் 2022ல் தொடங்கிய இலவச மனநல உதவி, தமிழிலேயே பேசலாம்.

ஆனால் அவர் கேட்ட கதையை நான் அனுப்பவில்லை. இதைப் படிக்கிற யாருக்காவது, சிவப்பு விளக்கு அணைந்த பிறகு ஆரம்பிக்கிற ஒரு தமிழ்ச் சிறுகதை தெரிந்தால் எனக்கு எழுதுங்கள். சிறுபத்திரிகையில் வந்திருந்தாலும் பரவாயில்லை. ஜெராக்ஸ் எடுத்து குண்டனி நாட்டுக்கு நானே அனுப்புகிறேன்.