முதல் கப்பல் விடுமுறை: கூடியிருக்கவா, ஊர் பார்க்கவா?

பண்டார் பாரு, கிரியான் ஆற்றுக்கு அக்கரையில் பாரிட் புந்தார், பக்கத்தில் நிபோங் திபால் என்று மூன்று மாநிலங்கள் ஒட்டிக்கிடக்கும் இந்த மூலையில், பள்ளி விடுமுறை நெருங்கும்போது வீடுகளில் நடக்கும் பேச்சில் இப்போது கப்பலும் சேர்ந்துவிட்டது. முன்பெல்லாம் கேமரன் மலை, லங்காவி, கையில் கொஞ்சம் காசு சேர்ந்தால் தமிழ்நாட்டுக் கோயில் சுற்றுலா என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பால்மரம் வெட்டியும் செம்பனைக் குலை அறுத்தும் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்களுக்கு இன்று வயதாகிவிட்டது. பாயான் லெப்பாஸிலும் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள், அம்மா அப்பாவை ஒரு தடவையாவது கப்பலில் கூட்டிப்போக வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். நல்ல ஆசை. ஆனால் முதல் தடவை போகிறவர்களுக்கு உள்ளதை உள்ளபடி சொல்ல ஆளில்லை. சீட்டு விற்பவர் நல்லதை மட்டும் சொல்கிறார். போய் நொந்து வந்தவர் கெட்டதை மட்டும் சொல்கிறார்.

இரண்டையும் எடைபோட்டுப் பார்த்து நான் வந்து சேர்ந்த முடிவு இது: குடும்பம் கூடியிருக்கக் கப்பலைப் போல வசதியான விடுமுறை வேறில்லை, ஊர் பார்க்க அதைப் போல வசதி குறைந்த விடுமுறையும் வேறில்லை. எதற்காகப் போகிறோம் என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே தீர்மானித்துக்கொண்டவர் நிறைவோடு திரும்புகிறார். தீர்மானிக்காமல் போகிறவர்தான் ஏமாந்ததாக நினைக்கிறார்.

கப்பல் நம்மவர்களுக்குப் புதிதில்லை. 1926ஆம் ஆண்டில் கட்டப்பட்ட ரஜூலா, சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1973 வரை ஓடியது. எண்ணாயிரத்துச் சொச்சம் டன் கொண்ட அந்தக் கப்பல், தொடக்கக் காலத்தில் 5,000க்கும் அதிகமான டெக் பயணிகளை ஏற்ற உரிமம் பெற்றிருந்தது. இன்று சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் கெந்திங் டிரீம் 150,000 டன் கப்பல். அதில் அறைக்கு இருவர் என்ற கணக்கில் ஏறக்குறைய 3,350 பேர் பயணம் செய்யலாம். இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நம் பாட்டன் பாட்டிமார் எப்படி வந்து இறங்கினார்கள் என்பது விளங்கும். இறங்கியவர்களில் பலரை நேரே தோட்டத்துக்கு அனுப்பாமல், பினாங்குக்குப் பக்கத்தில் உள்ள ஜெரஜாக் தீவில் நோய்த் தடுப்புக்காக அடைத்தும் வைத்தார்கள். ரஜூலாவுக்குப் பின் வந்த எம்.வி. சிதம்பரம் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்து, உயிர்ச்சேதத்தோடு தன் ஓட்டத்தை முடித்துக்கொண்டது.

அதனால் கப்பல் என்றதும் வீட்டுப் பெரியவர்கள் தயங்கினால் அதைச் சிரித்துத் தள்ளிவிடக் கூடாது. வாந்தியும் நெருக்கடியும் உப்புக்காற்றுமாக அவர்கள் கேட்டு வளர்ந்த கதை வேறு. அவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: மலாக்கா நீரிணைக்குச் சுமத்ரா தீவு ஒரு மதில்போல நிற்கிறது, பெரிய கப்பலில் அங்கே ஆட்டம் பெரும்பாலும் தெரியாது. நீரிணையைத் தாண்டி அந்தமான் கடல் பக்கம், பூக்கெட்டுக்குப் போகும்போது, மே முதல் அக்டோபர் வரையிலான தென்மேற்குப் பருவக்காற்றில் கொஞ்சம் ஆடும். தலைசுற்றல் உள்ளவர்கள் அந்த மாதங்களைத் தவிர்த்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

நிறைகளைப் பார்ப்போம். மூன்று தலைமுறை ஒன்றாகப் பயணம் போனவர்களுக்குத் தெரியும், அலுப்பு எங்கே வருகிறது என்று. பெட்டியை அவிழ்ப்பது, மறுபடி கட்டுவது, வேனில் ஏற்றுவது, ஒவ்வொரு ஊரிலும் சைவக் கடை தேடுவது, முட்டிவலிக்காரர் நடக்கும் வேகத்துக்கு மற்றவர்கள் காத்து நிற்பது. கப்பலில் இவை எல்லாமே குறைந்துவிடுகின்றன. பெட்டியை ஒரு தடவை அவிழ்த்தால் போதும். பாட்டியைச் சக்கர நாற்காலியில் வைத்து மின்தூக்கியில் எந்தத் தளத்துக்கும் கொண்டுபோகலாம். பேரப்பிள்ளை நீச்சல் குளத்தில் இருக்கும்போது தாத்தா நிழலில் உட்கார்ந்து கடலைப் பார்க்கலாம். இருவரையும் அம்மா ஒரே இடத்திலிருந்து கவனித்துக்கொள்ளலாம். காலைப் பசியாறலுக்கு ஒரே மேசையில் ஒருவர் தட்டில் இட்லி, இன்னொருவர் தட்டில் நாசி லெமாக், சின்னவன் தட்டில் ரொட்டியும் முட்டையும். யாருக்கும் யாரும் சமைக்கவில்லை, யாரும் பாத்திரம் கழுவப் போகவில்லை. வாழ்நாள் முழுக்க விடியலுக்கு முன் எழுந்து அடுப்பு மூட்டிவிட்டுத் தோட்டத்து ஆளெடுப்பான பெரட்டுக்கு ஓடிய ஒரு பெண்ணுக்கு அந்த மேசையில் கிடைக்கும் ஓய்வு சாதாரணமானதில்லை. இந்தியச் சந்தையை நம்பி ஓடும் கப்பல்களில் இந்திய சைவ உணவு கிடைக்கிறது; ஜைன உணவுகூட உண்டு. சீட்டு எடுக்கும்போதே சொல்லி வைப்பது நல்லது.

பாதுகாப்பு ஒத்திகையையும் நான் நிறையாகவே கணக்கில் வைக்கிறேன். ஏறியதும் சாப்பாட்டுக் கூடத்துக்கு ஓடும் பயணிகளுக்கு அது தொல்லையாகப் படும். 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையில் கோஸ்டா கான்கோர்டியா கவிழ்ந்து 32 பேர் இறந்தபோது, அன்று ஏறியவர்களில் பலருக்கு ஒத்திகை நடந்திருக்கவில்லை. அதன் பிறகுதான், கப்பல் கிளம்புவதற்கு முன்போ கிளம்பியவுடனேயோ ஒத்திகை முடிந்திருக்க வேண்டும் என்று உலகளாவிய விதி இறுக்கப்பட்டது. உங்கள் கூடுமிடம் எது, உயிர்காப்பு மேலாடை எங்கே இருக்கிறது, நடக்க முடியாதவரை யார் தூக்குவது என்பதை அந்தச் சில நிமிடங்களிலேயே குடும்பமாகப் பேசி முடித்துவிட வேண்டும்.

இனி குறைகள். முதல் குறை விலையை மறைப்பது. விளம்பரத்தில் காணும் தொகை பயணத்தின் விலை ஆகாது. ஏறுவதற்கான விலை மட்டுமே. துறைமுக வரி தனி. சேவைக் கட்டணம் தனி. அது தலைக்கு, இரவுக்கு என்று பெருகும். ஆறு பேர் மூன்று இரவு போனால் பதினெட்டுப் பங்கு. கடைசி நாள் காலையில் அறைக்கு வரும் கணக்குத்தாளை ஒரு தடவை நிதானமாகப் படித்துப் பார்த்தால் இந்தத் தொழிலின் அடிப்படையே புரிந்துவிடும். முதல் நாள் பிள்ளைகள் வாங்கிய குளிர்பானம் ஒரு வரி, இணையம் ஒரு வரி, படிக்கட்டில் எடுத்த குடும்பப் படம் ஒரு வரி, கூடத்துக்கு வெளியே உள்ள கடையில் குடித்த காப்பி ஒரு வரி. ஒவ்வொன்றும் சின்னத் தொகை. கப்பலில் ரொக்கம் புழங்குவதில்லை. அறை அட்டையைத் தட்டினால் போதும், காசு கைமாறுவதே தெரியாது. அந்தத் தொகைகள் சிங்கப்பூர் வெள்ளியிலோ அமெரிக்க டாலரிலோ இருக்கும்போது, ரிங்கிட்டில் சம்பளம் வாங்குகிறவருக்குச் சுமை இரட்டிப்பாகிறது. இது தற்செயலாக நடப்பதில்லை. ராயல் கரீபியன் கப்பல் நிறுவனத்தின் 2023 வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவான தொகை, பயணச்சீட்டுக்கு வெளியே பயணிகள் செய்த செலவிலிருந்து வந்தது. சீட்டு மலிவாக இருப்பதற்குக் காரணமே அந்த வரவுதான்.

இரண்டாவது குறை, ஊர் பார்க்கக் கிடைக்கும் நேரம். பண்டார் பாருக்காரருக்கு இது கூடுதலாகவே உறைக்கும். சிங்கப்பூரில் ஏறுவதற்காக அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் தெற்கே பயணம் செய்கிறோம். கப்பலோ பல வேளைகளில் நம்மைத் திரும்பவும் பினாங்குக்கே கொண்டுவருகிறது. ஜார்ஜ்டவுனின் சுவெட்டன்ஹாம் துறையில் இறங்கினால் எதிரே மணிக்கூண்டு, கொஞ்சம் நடந்தால் லெபோ பசார், குவீன் தெரு மாரியம்மன் கோயில். பாரிட் புந்தாரில் ரயிலேறி பட்டர்வொர்த்தில் படகு மாறினால் எந்தச் சனிக்கிழமையும் பார்த்துவிட்டு வரக்கூடிய இடங்கள் இவை. பூக்கெட் பயணத்தில் வேறு சிக்கல். பெரிய கப்பல்கள் பல நேரம் பாத்தோங் கடற்கரைக்கு எதிரே நங்கூரமிட்டு நிற்கும். சிறு படகில்தான் கரைக்குப் போக வேண்டும். படகுக்கு வரிசை, திரும்ப ஏற வரிசை என்று போனால், ஏட்டில் எட்டு மணி நேரமாக இருப்பது கையில் ஐந்தாகச் சுருங்கும். முட்டிவலிக்காரர் ஆடும் படகில் ஏறுவதும் எளிதில்லை.

ஒரு சின்ன விஷயம் பெரிய தொல்லையைத் தரக்கூடும். தாய்லாந்து நேரம் நம் நேரத்துக்கு ஒரு மணி பின்னால். கப்பல் பெரும்பாலும் சிங்கப்பூர், மலேசிய நேரத்தையே வைத்துக்கொள்ளும். கரையில் கால் வைத்ததும் கைப்பேசி தானாகத் தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிடும். கைப்பேசியில் மூன்று மணி என்றால் கப்பலில் நான்கு. கப்பல் யாருக்காகவும் காத்திருக்காது. எந்த நேரத்தைப் பின்பற்றுகிறார்கள் என்று இறங்கும் முன் கேட்டு, கட்டியிருக்கும் கடிகாரத்தில் அதை வைத்துக்கொள்ள வேண்டும். நடுக்கடலில் கைப்பேசி செயற்கைக்கோள் வலையைப் பிடித்துக் கட்டணத்தை ஏற்றிவிடும் என்பதால் விமானப் பயண நிலையில் போட்டுவிடுவதும் அவசியம்.

மூன்றாவது குறை சூதாட்டம். நம் சமூகத்தில் இதைக் கூச்சமில்லாமல் பேச வேண்டும். கப்பல் கரையை விட்டு விலகியதும் சூதாட்டக்கூடம் திறக்கிறது. பினாங்கைத் தளமாகக் கொண்டு ஸ்டார் பைசிஸ் கப்பல் ஓடிய காலத்தில், எந்த ஊருக்கும் போகாமல் ஓர் இரவு கடலில் நின்று திரும்பும் பயணங்களுக்குக் கூட்டம் சேர்ந்ததே இதனால்தான். 2022 ஜூனில் சென்னையிலிருந்து கிளம்பிய கார்டிலியா கப்பலுக்குப் புதுச்சேரியில் அனுமதி கிடைக்காமல் போனபோதும் இதே கவலைதான் முன்னால் நின்றது. குடும்பத்தோடு போகிறவர்களுக்கு அந்தக் கூடம் இல்லாத கப்பலைத் தேடு என்று சொல்வது நடைமுறைக்கு ஒத்துவராது. ஆனால் வீட்டில் அந்தப் பழக்கத்துக்கு ஆளான ஒருவர் இருந்தால், கப்பல் அவருக்கு ஏற்ற இடமில்லை. அங்கே விடிய விடிய விளக்கு எரியும். வெளியேறிப் போக வேறு தெருவும் இல்லை.

நான்காவது குறை நம் மனத்தை உறுத்த வேண்டியது. மேல்தளத்தில் நாம் ஓய்வெடுக்கும்போது கீழ்த்தளத்தில் பிலிப்பீன்ஸ், இந்தோனேசியா, இந்தியா என்று பல நாடுகளிலிருந்து வந்தவர்கள் பங்கு அறைகளில் தங்கி, மாதக்கணக்கில் வீட்டைப் பிரிந்து வேலை பார்க்கிறார்கள். கப்பல் பகாமாஸ் போன்ற ஒரு நாட்டின் கொடியைப் பறக்கவிட்டிருக்கும். தொழிலாளருக்குப் பொருந்துவது அந்த நாட்டின் சட்டம். 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தம் 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேர ஓய்வு வேண்டும் என்கிறது. மிச்சப் பதினான்கு மணி நேரமும் வேலை வாங்க அதில் இடமிருக்கிறது. ஒப்பந்தக் கூலியாகக் கடல் தாண்டி வந்தவர்களின் வாரிசுகள் நாம். மேசை துடைக்கும் பையனின் பெயரைக் கேட்டு, நன்றி சொல்லி, சேவைக் கட்டணத்தைப் பேரம் பேசிக் கழிக்காமல் இருப்பது நாம் செய்யக்கூடிய குறைந்தபட்ச மரியாதை.

கடலுக்கும் ஒரு விலை இருக்கிறது. எரிபொருளில் கந்தகம் 0.50 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று 2020 முதல் உலக விதி உண்டு. கந்தகத்தை நீக்கப் புகையைக் கழுவிய நீரைக் கரையிலிருந்து 12 கடல்மைலுக்குள் கொட்ட மலேசியாவும் தடை போட்டது. ஆனால் அதே 12 மைலுக்கு அப்பால், கப்பல் ஓடிக்கொண்டிருக்கும்போது, சுத்திகரிக்காத கழிவுநீரை விடவும் பன்னாட்டு விதி இன்னும் இடம் தருகிறது. குறுகலான மலாக்கா நீரிணையை நம்பிப் பிழைக்கும் மீனவர்களுக்கு இது யாரோ ஒருவர் வீட்டுப் பிரச்சினையாக இருக்க முடியாது.

எதிர்பாராதவையும் நடக்கும். 2020 மார்ச்சில் கோவிட் அச்சத்தில் பினாங்கு துறைமுகம் கோஸ்டா ஃபார்ச்சூனா கப்பலைத் திருப்பி அனுப்பியது. 2022 ஜனவரியில் கெந்திங் ஹாங்காங் நிறுவனமே கடனில் நொடித்தது. அதன் கெந்திங் டிரீம் அதே ஆண்டு ஜூனில் புதிய நிறுவனத்தின் பெயரில் மறுபடி ஓடத் தொடங்கியது. எனவே சுற்றுலா அமைச்சின் உரிமம் உள்ள முகவரிடம் மட்டும் பணம் கட்டுங்கள். கப்பல் பயணத்தைச் சேர்த்துக்கொள்ளும் காப்புறுதி எடுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மருந்துகளைக் கைப்பையில் வையுங்கள். கப்பல் மருத்துவருக்குத் தனிக் கட்டணம் உண்டு. பெரும்பாலான கப்பல்களில் ரத்தச் சுத்திகரிப்பு வசதி இல்லை. கடப்பிதழில் ஆறு மாதக் காலாவதி மிச்சமிருக்கிறதா என்று வீட்டில் எல்லாருக்கும் பாருங்கள்.

நிறைகள் எல்லாம் கப்பலுக்குள் இருக்கின்றன. குறைகளில் பாதி, அதை ஊர் சுற்றும் வாகனமாக நினைப்பதால் வருகின்றன. பெற்றோரோடு மூன்று இரவு ஒரே இடத்தில் உட்கார்ந்து பேச வேண்டும் என்றால், சீட்டு விலையோடு பாதியாவது கூடுதலாக எடுத்து வைத்துக்கொண்டு தாராளமாகப் போகலாம். பூக்கெட்டைப் பார்க்க வேண்டும் என்றால் பினாங்கிலிருந்து விமானம் ஏறி அங்கேயே தங்குவது மேல்.

மிச்சக் குறைகள் பயணியால் தீராதவை. விமானச் சீட்டுக்கு வரி, கட்டணம் எல்லாம் சேர்த்த முழு விலையைத்தான் விளம்பரப்படுத்த வேண்டும் என்று மலேசியாவில் 2016 முதல் பயனீட்டாளர் பாதுகாப்பு விதி இருக்கிறது. அதே விதியைக் கப்பல் சீட்டுக்கும் கேட்க வேண்டும். பினாங்கிலேயே ஏறி இறங்கும் பயணங்கள் கூடினால், வடக்கே இருக்கும் முதியவர்கள் இரவெல்லாம் பேருந்தில் உட்கார்ந்து சிங்கப்பூருக்குப் போக வேண்டியதில்லை. தோட்டத்துச் சேமிப்பிலும் பிள்ளைகளின் மிகைநேரச் சம்பளத்திலும் சேரும் பணம் இது. அதைக் கேட்கிறவர்கள் முழு விலையையும் முதலிலேயே சொல்லியாக வேண்டும்.