மின்சாரப் பெட்ரோல் பம்பும் விட்டுப்போன இரண்டு வரிகளும்

பழைய காருக்கு மின்சாரப் பெட்ரோல் பம்பு மாட்டுவது பற்றிய செய்முறைக் குறிப்புகளைக் கொஞ்ச நாளாகப் படிக்கிறேன். பெரும்பாலும் ஒரே பல்லவி: "மாட்டுங்க, வெயில்ல வண்டி நிக்காது." பொய்யில்லை. எஞ்சினோடு ஒட்டிய மெக்கானிக்கல் பம்பு சூடாகும். உறிஞ்சும்போது பெட்ரோல் ஆவியாகி வழியை அடைக்கும். டேங்க் பக்கத்து மின்பம்பு உறிஞ்சாமல் தள்ளுகிறது. அழுத்தத்தில் பெட்ரோல் சுலபமாகக் கொதிக்காது. புதுசும் இல்லை, 1948-இல் வந்த மோரிஸ் மைனரிலேயே எஸ்.யூ. மின்பம்புதான்.

என் குறை வேறு. எஞ்சின் நின்னா மெக்கானிக்கல் பம்பும் நின்னுடும். மின்பம்பு அப்படியில்லை. வண்டி மோதிக் குழாய் பிய்ந்தாலும், சாவி ஆனில் இருக்கும்வரை பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருக்கும். மோதினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் இனெர்ஷியா சுவிட்ச் கட்டாயம் வேண்டும்.

அடுத்தது அழுத்தம். எஸ்.யூ. கார்புரேட்டருக்கு 3 பி.எஸ்.ஐ. போதும், இன்ஜெக்‌ஷன் பம்பு 40-ஐத் தாண்டும். ஊசி வால்வு தாங்காமல் பெட்ரோல் வழியும். மைனரில் அதற்கு அடியிலேயே சூடான எக்ஸாஸ்ட்.

ஒயர் நிறம்வரை எழுதுகிறவர்கள் இந்த இரண்டு வரியைச் சேர்க்கக் கூடாதா? வண்டி நிக்காம ஓடணும், சரி. பெட்ரோல் நிற்க வேண்டிய நேரத்தில் நிற்கவும் வேண்டும்.