சட்டமாகும் முன் ஒரு கடிதம்

ஜெர்மனி நாட்டுப் போலீசார் ஒரு பெண்ணைப் பல ஆண்டுகள் தேடி அலைந்தனர். கொலை நடந்த இடம், திருட்டு நடந்த வீடு என்று சுமார் நாற்பது இடங்களில் அவளுடைய டி.என்.ஏ. கிடைத்தது. அண்டை நாடுகளான ஆஸ்திரியாவிலும் பிரான்சிலும்கூடக் கிடைத்தது. 2009ஆம் ஆண்டில் உண்மை வெளிப்பட்டது. அப்படி ஒரு குற்றவாளியே இல்லை! தடயங்களை ஒற்றியெடுக்கப் பயன்படும் பஞ்சுக் குச்சிகளைத் தயாரித்த தொழிற்சாலையில் வேலை பார்த்த ஒரு பெண்மணியின் டி.என்.ஏ.தான் அது. குச்சிகளில் கிருமிகள் நீக்கப்பட்டிருந்தன. ஆனால் கிருமியைக் கொல்வது வேறு, டி.என்.ஏ.வை அகற்றுவது வேறு.

இங்கே விஞ்ஞானம் பொய் சொல்லவில்லை. அதைக் கையாண்ட முறையில்தான் பிழை இருந்தது. இந்த வேறுபாட்டைச் சட்டம் இயற்றுவோர் அறிந்திருக்க வேண்டும். அவர்கள் அறியாவிட்டால் அறிவிக்க வேண்டியவர் யார்? விஞ்ஞானம் படித்த நாம்தான். அந்தக் கடமையை நாம் செய்கிறோமா என்பதை நம் நாட்டில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகளைக் கொண்டு பார்ப்போம்.

முதல் மசோதா

1984ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் விஞ்ஞானி அலெக் ஜெஃப்ரீஸ், டி.என்.ஏ.வைக் கொண்டு ஒருவரை அடையாளம் காணும் முறையைக் கண்டுபிடித்தார். இந்த முறையை நம் நாட்டில் ஒழுங்குபடுத்த, டி.என்.ஏ. தொழில்நுட்ப ஒழுங்குமுறை மசோதா 2019ஆம் ஆண்டு ஜூலை மாதம் மக்களவையில் கொண்டுவரப்பட்டது. நோக்கம் நல்லதே. காணாமற்போனவர்களைக் கண்டுபிடிக்கலாம். அடையாளம் தெரியாத சடலங்களை உரியவர்களிடம் ஒப்படைக்கலாம். குற்றவாளியைப் பிடிக்கலாம், நிரபராதியை விடுவிக்கவும் செய்யலாம்.

ஆனால் குறைகளும் இருந்தன. டி.என்.ஏ. வங்கியில் ஐந்து பட்டியல்கள் வைக்க அது வகை செய்தது. அவற்றுள் ஒன்று, குற்றம் நடந்த இடத்தில் கிடைத்தவற்றின் பட்டியல். கொலை நடந்த அறையில் கொலையாளியின் முடி மட்டுமா கிடக்கும்? பால்காரர், உறவினர், முந்தைய நாள் வந்துபோன விருந்தாளி எல்லோருடைய தடயங்களும் கிடக்கும். தம் விவரத்தை நீக்க வேண்டுமானால் அவர்கள் எழுத்து மூலம் விண்ணப்பிக்க வேண்டும் என்றது மசோதா. தம் விவரம் அங்கே இருப்பதே தெரியாத ஒருவர் எப்படி விண்ணப்பிப்பார்?

அடுத்தது கணக்கு சார்ந்த குறை. சிதைந்துபோன ஒரு தடயம் கிடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது தற்செயலாக வேறொருவருடன் பொருந்தும் வாய்ப்பு 10 லட்சத்தில் ஒன்று என்போம். வேறு சாட்சியங்களால் பிடிபட்ட ஒருவருடன் அது பொருந்தினால் அது வலுவான சான்று. ஆனால் அதே தடயத்தை 10 லட்சம் பேர் கொண்ட வங்கியில் தேடினால், உண்மைக் குற்றவாளி அங்கே இல்லாவிட்டாலும் சராசரியாக ஒருவர் பொருந்திவிடுவார்! முழுமையான தடயங்களில் இந்த ஆபத்து மிகக் குறைவு. ஆனால் குற்றம் நடந்த இடத்தில் முழுமையான தடயமே எப்போதும் கிடைக்கும் என்று யாரால் உறுதி கூற முடியும்? வங்கி பெருகப் பெருக, காப்பு விதிகளும் இறுக வேண்டும்.

இந்த மசோதா நாடாளுமன்ற நிலைக்குழுவுக்கு அனுப்பப்பட்டது. ஜெய்ராம் ரமேஷ் தலைமையிலான அக்குழு வல்லுநர்களை அழைத்துக் கேட்டது. 2021ஆம் ஆண்டு பிப்ரவரியில் அறிக்கை தந்தது. மாநிலங்கள்தோறும் வட்டார வங்கிகள் வேண்டாம், தேசிய வங்கி ஒன்றே போதும் என்று அது கூறியது. சாதி, மதம் ஆகியவற்றின் அடிப்படையில் மக்களைப் பிரித்துப் பார்க்க இவ்விவரங்கள் பயன்படக்கூடும் என்ற அச்சத்தையும் அது புறந்தள்ளவில்லை. இரண்டு உறுப்பினர்கள் தங்கள் மறுப்பைத் தனியே பதிவு செய்தனர். 2023ஆம் ஆண்டு ஜூலையில் அரசு இந்த மசோதாவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

இரண்டாவது மசோதா

ஆகவே வெற்றி என்று மகிழலாமா? இயலாது. இதற்கிடையே வேறொரு கதவு திறந்துவிட்டது.

2022ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் நாள் குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) மசோதா மக்களவைக்கு வந்தது. ஏப்ரல் 4இல் அங்கே நிறைவேறியது. ஏப்ரல் 6இல் மாநிலங்களவையிலும் நிறைவேறியது. பத்தே நாட்கள்! நிலைக்குழுவுக்கு அனுப்புமாறு எதிர்க்கட்சியினர் கேட்டும் அனுப்பப்படவில்லை.

1920ஆம் ஆண்டின் பழைய சட்டம் கைரேகை, கால்தடம், புகைப்படம் ஆகியவற்றோடு நின்றது. புதிய சட்டம் கண்ணின் கருவிழி, விழித்திரைப் பதிவுகள், உயிரியல் மாதிரிகள், அவற்றின் பகுப்பாய்வு ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டது. பதிவுகளை 75 ஆண்டுகள் வைத்திருக்கலாம். சிறு குற்றத்திற்காகக் கைதானவர் உயிரியல் மாதிரி தர மறுக்கலாம் என்பது உண்மையே. விடுதலையானவரின் பதிவை அழிக்கவும் வழி உண்டு. ஆயினும், ஆய்வுக்கூடங்களின் தரத்தைக் கண்காணிக்கத் தனி வாரியம் ஒன்றை முதல் மசோதா முன்வைத்ததே, அது இச்சட்டத்தில் எங்கே? பஞ்சுக் குச்சியின் பாடம் எங்கே?

நான்கு ஆண்டுகள் நாம் ஒரு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சட்டம் மறு வாசல் வழியாக வந்துவிட்டது. நம்மில் எத்தனை பேர் அந்தப் பத்து நாட்களில் நம் தொகுதி உறுப்பினருக்கு ஒரு வரி எழுதினோம்? அரசின் அவசரத்தைக் குறை கூறுமுன், நம் அசட்டையையும் எண்ணிப் பார்ப்பது நியாயம்.

அவசரமும் மொழியும்

இந்த அவசரம் தனி நிகழ்ச்சியன்று. 15ஆவது மக்களவைக் காலத்தில் மசோதாக்களில் 71 விழுக்காடு குழுக்களின் ஆய்வுக்குச் சென்றன. 17ஆவது மக்களவைக் காலத்தில் இது 16 விழுக்காடாகச் சுருங்கிவிட்டது. சட்ட வரைவுகளைக் குறைந்தது 30 நாட்கள் மக்கள் முன் வைக்க வேண்டும் என்று 2014ஆம் ஆண்டில் அரசே ஒரு கொள்கை வகுத்தது. ஆனால் அது கொள்கைதானே தவிர, சட்டமன்று.

தமிழில் படித்தவர்களுக்கு இன்னொரு தடையும் உண்டு. நாடாளுமன்றக் குழுக்கள் கருத்துக் கேட்கும்போது ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுதுமாறு அறிவிப்பதே வழக்கம். ஆனால் இது மாறக் கூடாத விதியன்று. 2020ஆம் ஆண்டில் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் வரைவு இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டும் வெளிவந்தது. அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளிலும் அதனை வெளியிடுமாறு டெல்லி உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. கருத்துக் கூறும் காலத்தையும் நீட்டித்தது. கேட்டதால் கிடைத்தது.

குழுவுக்கு எழுத மொழி தடையானாலும், நம் உறுப்பினருக்கு எழுத யார் தடை? தமிழ்நாட்டிலிருந்து மக்களவைக்கு 39 பேர், மாநிலங்களவைக்கு 18 பேர் செல்கின்றனர். நம் வாக்கைத் தமிழில் கேட்டவர்கள் நம் கடிதத்தையும் தமிழில் படிக்கட்டும்.

எப்படி எழுதுவது?

"இம்மசோதாவை எதிர்க்கிறேன்" என்று மட்டும் எழுதினால் பயன் குறைவு. மசோதாவின் பெயரையும் பிரிவின் எண்ணையும் குறிப்பிடுங்கள். ஒரு கடிதத்தில் ஒரு குறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதனால் யாருக்கு என்ன தீங்கு நேரும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குங்கள். எந்தச் சொல்லை எப்படி மாற்ற வேண்டும் என்பதையும் கூறுங்கள். குழுவின் ஆய்வுக்கு அனுப்பும்படி அவையில் கேட்க வேண்டுங்கள். உங்கள் முகவரியைத் தந்து பதில் கேளுங்கள். அச்சிட்ட ஒரே வாசகத்தில் ஆயிரம் பேர் கையெழுத்திடுவதைவிட, விவரம் தெரிந்த பத்துப் பேர் தத்தம் சொற்களில் எழுதும் கடிதங்களே உறுப்பினர் அவையில் எழுந்து பேசக் கைகொடுக்கும்.

பள்ளியில் அறிவியல் கற்பிக்கும் ஆசிரியருக்கும், பரிசோதனைக் கூடத்தில் பணிபுரியும் தொழில்நுட்பருக்கும் மாதிரி எப்படிக் கெடும் என்பது தெரியும். அது உறுப்பினருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. சட்டமான பின் அதனைத் திருத்த நீதிமன்றப் படிகளை ஏற வேண்டியிருக்கும். மசோதாவாக இருக்கும்போது ஓர் அஞ்சல் தலை போதும். அடுத்த மசோதா வரும் நாளில் அந்தக் கடிதம் நம் மேசையில் கிடக்கக் கூடாது. தபால் பெட்டியில் சேர்ந்திருக்க வேண்டும்.