விவிலியத் தமிழில் சினச் சொற்கள்: மொழிபெயர்ப்பு நோக்கில் ஒரு மதிப்பீடு

சமய நூல்களை மொழிபெயர்ப்போர் எதிர்கொள்ளும் இடர்ப்பாடுகளுள் உணர்ச்சிச் சொற்கள் தருவது தனித்தன்மை வாய்ந்தது. பொருட்பெயருக்கு இணைச்சொல் இல்லையெனில் ஒலிபெயர்த்துக்கொள்ளலாம். உணர்ச்சிச் சொல்லுக்கு அவ்வழி இல்லை. எம்மொழியிலும் சினத்திற்குச் சொற்கள் உண்டு. ஆனால் அச்சொற்கள் ஒவ்வொன்றும் அம்மொழியினரின் அறநோக்கைச் சுமந்து நிற்கின்றன. விவிலியத்தின் தமிழாக்கங்களை முதன்மைச் சான்றாகக் கொண்டு இச்சிக்கல் இங்கு ஆராயப்படுகிறது.

எபிரேய மொழியில் சினத்தைக் குறிக்கப் பெருவழக்காக உள்ள ‘அஃப்’ என்னும் சொல்லுக்கு மூக்கு என்பதே அடிப்படைப் பொருள். சினம் மூண்டது என்பதை அம்மொழி ‘மூக்கு எரிந்தது’ என்று கூறும். ‘ஹேமா’ என்னும் சொல் வெம்மையையும், ‘எவ்ரா’ என்பது கரை கடந்து பெருகுதலையும் உள்ளடக்கியவை. சினங்கொள்ள விரையாதவரை ‘எரெக் அப்பயிம்’, அதாவது ‘நீண்ட மூக்கினர்’ என்றும், எளிதில் சினப்பவரைக் ‘குறுகிய மூக்கினர்’ என்றும் வழங்குவர். கிறித்துவுக்கு முற்பட்ட கிரேக்க மொழிபெயர்ப்பாகிய செப்துவசிந்து இதனை ‘மக்ரோதுமோஸ்’ என ஆக்கியது. அங்கு மூக்கு மறைந்தது, நீளம் எஞ்சியது.

இந்நீளம் தென்னிந்திய மொழிகளிலும் தொடர்ந்தது. ஹென்றி பவர் தலைமையில் உருவாகி 1871-இல் வெளிவந்த தமிழ் ஐக்கியத் திருப்புதல், யாத்திராகமம் 34:6-இல் ‘நீடிய சாந்தம்’ என்கிறது. தெலுங்கில் ‘தீர்க்கசாந்தம்’ என்றும், கன்னடத்தில் ‘தீர்க்கசாந்தி’ என்றும், மலையாளத்தில் ‘தீர்க்கக்ஷமா’ என்றும் ஒத்த அமைப்புடைய சொற்கள் வழங்குகின்றன. நான்கு மொழிகளும் நீளத்தைப் போற்றியுள்ளன. எது நீள்கிறது என்பதில்தான் வேறுபாடு தோன்றுகிறது.

மூலத்தில் நீள்வது அமைதியன்று. சினம் எழும்வரையுள்ள கால இடைவெளியே அங்குக் கருதப்படுவது. பொன் கன்றுக்குட்டியின் நிகழ்ச்சியில் மூண்ட சினத்திற்குப் பின்னரே இத்தொடர் வருகிறது. அடுத்த வசனம் தண்டனையைப் பற்றியும் பேசுகிறது. சாந்தமோ உணர்ச்சி அடங்கிய நிலை. வடமொழி அணியிலார் அதனை ஒன்பதாம் சுவையாகக் கொண்டதும் அந்நிலை கருதியே. எனவே ‘நீடிய சாந்தம்’ என்னும் தொடர், சினம் உண்டு என்னும் மூலக்குறிப்பை மங்கச் செய்கிறது. மலையாளத்தின் ‘க்ஷமா’ இக்குறையிலிருந்து பெரிதும் தப்புகிறது. பொறுத்தல் என்றால் பொறுக்கவேண்டிய குற்றம் ஒன்று முன்நிற்கிறது என்பது பெறப்படும். ‘பொறை’ என்னும் தமிழ்ச்சொல்லுக்கும் இதே ஆற்றல் உண்டு. ஐக்கியத் திருப்புதலே கலாத்தியர் 5:22-இல் ‘நீடியபொறுமை’ என்று ஆள்வதால், பொருத்தமான சொல் அம்மொழிபெயர்ப்பாளர் கைக்கு எட்டாதிருந்ததாகக் கூற இயலாது.

மூக்கின் உருவகம் தமிழுக்கு அயலானதன்று. ‘மூக்குக்கு மேல் கோபம்’ என்பது நாட்டு வழக்கு. உருவகம் ஒத்திருப்பதால் அதனையே இணைத்தொடராகக் கொள்ளலாமா என்னும் வினா எழுவது இயல்பு. கொள்ளலாகாது என்பதே விடை. தமிழ் வழக்கில் எள்ளற்சுவை கலந்துள்ளது. இறைவனைக் குறிக்கும் எபிரேயத் தொடரில் அது இல்லை. ‘சீற்றம்’ என்பதோ மூச்சொலியை அடிப்படையாகக் கொண்டும் எள்ளலின்றி நிற்கிறது. பாம்பின் சீறலை நினைவூட்டினும், உயர்ந்தோர் சினத்திற்கும் உரியதாக வழங்குகிறது. உருவக ஒப்புமையை விட மதிப்பு ஒப்புமையே மொழிபெயர்ப்பாளர் முதற்கண் நோக்கவேண்டியது என்பதற்கு இவ்விரு வழக்குகளும் சான்றாகும்.

‘வெகுளி’ மற்றொரு வகைச் சிக்கலைக் காட்டுகிறது. தொல்காப்பியம் எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக வெகுளியைக் கூறி, உறுப்பறை, குடிகோள், அலை, கொலை என்பவற்றை அதன் நிலைக்களன்களாக வகுக்கிறது. இழைக்கப்பட்ட தீங்கே வெகுளிக்குக் காரணம் என்னும் இக்கருத்து தீர்க்கதரிசிகள் கூறும் இறைச்சினத்திற்கு நெருங்கியது. எனினும் திருக்குறள் ‘வெகுளாமை’ என ஓர் அதிகாரம் வகுத்து அதனைக் களையத்தக்க குற்றமாக்கியது. இன்றைய வழக்கிலோ ‘வெகுளி’ சூதறியாதவரைக் குறிக்கும். ‘எரிச்சல்’ என்பதும் இவ்வாறே தேய்ந்தது. யாத்திராகமம் 20:5-இல் பிறிதொரு பற்றைப் பொறாத வைராக்கியத்தைக் குறிக்க ஐக்கியத் திருப்புதல் ஆண்ட அச்சொல், இன்று சிறு மனக்கசப்பாகவே பெரும்பாலும் உணரப்படுகிறது. மொழிபெயர்ப்பு மாறாதிருக்கப் பொருள் மட்டும் மாறிவிட்டது.

இவற்றினும் ஆழமான சிக்கல் ‘கோபாக்கினை’ என்னும் தொகையில் உள்ளது. ‘ஒர்கே’ என்னும் ஒரே கிரேக்கச் சொல், ரோமர் 1:18-இல் ‘தேவகோபம்’ என்றும், 5:9-இல் ‘கோபாக்கினை’ என்றும், மனிதரைப் பற்றிய யாக்கோபு 1:20-இல் ‘கோபம்’ என்றும் பெயர்க்கப்பட்டுள்ளது. ஆக்கினை என்பது ஆணை, தண்டனை எனப் பொருள்படும். ஆகவே இத்தொகையில் உணர்ச்சி தீர்ப்பாக மாறிவிடுகிறது. இறைச்சினம் உணர்ச்சியா, தீவினையின் தவிர்க்கவியலா விளைவா என்பது இறையியலார் நெடுங்காலம் வாதிட்ட பொருள். சி. எச். டாட் 1932-இல் வெளியிட்ட ரோமர் உரையில் இரண்டாவது கருத்தை வற்புறுத்தினார். தமிழ் வாசகருக்கு இவ்வழக்கின் ஒரு பகுதி சொல்லாக்கத்திலேயே முடிக்கப்பட்டுவிட்டது. மூலத்தில் ஒரே சொல் நின்றது என்பதை அறியும் வாய்ப்பு அவருக்கு இல்லை.

பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரியின் முதல்வராக விளங்கிய எல். பி. லார்சன் பங்கேற்ற திருத்திய மொழிபெயர்ப்பு 1936-இல் வெளிவந்தது. சபையாரின் செவிக்குப் பழகிய ஐக்கியத் திருப்புதலின் இடத்தை அது பெறவில்லை. 1995-இல் கத்தோலிக்கரும் பிற சபையினரும் இணைந்து வெளியிட்ட திருவிவிலியம், ‘சினம்’ என்னும் தமிழ்ச்சொல்லை முன்னிறுத்தி, யாத்திராகமத் தொடரைச் சினங்கொள்ளத் தயங்குதல் என்னும் பொருளில் அமைத்துக்கொண்டது. இது வரவேற்கத்தக்கது. சினத்தின் இருப்பை மறைக்காமல் அதன் தாமதத்தைக் கூறுகிறது. ‘முற்கோபம்’ என்னும் தமிழ்ச் சொல்லாட்சியும் சினத்தைக் காலத்தால் அளப்பதாதலின், இவ்வாக்கம் தமிழ் மரபுக்கும் ஒத்தது. எனினும் ‘தயங்குதல்’ துணிவின்மையையும் உணர்த்தக்கூடும் என்பது கருதத்தக்கது.

பலமொழி வழங்கும் பெங்களூரு, இந்திய வேதாகமச் சங்கத்தின் தலைமையிடமும் ஆகும். தமிழ், கன்னடம், தெலுங்கு, மலையாள ஆக்கங்களை ஒருங்கு வைத்து நோக்க இத்தகைய சூழல் ஏற்றது. சினச் சொல் ஒவ்வொன்றுக்கும் அதன் உருவகம், மதிப்பு, வினைமுதல், இன்றைய வழக்கு ஆகிய நான்கும் தனித்தனியே பதிவு செய்யப்படின், ஒரு மொழி இழந்ததை மற்றொரு மொழி எவ்வாறு காத்தது என்பது புலனாகும். சினத்தை மென்மையாக்குவதும் மிகையாக்குவதும் மொழிபெயர்ப்பாளர் உரிமையன்று. சினப்பவர் யார், எதன்பொருட்டுச் சினக்கிறார் என்னும் தீர்ப்பு வாசகருக்கே விடப்படவேண்டும்.