24 வோல்ட் லொறியும் 12 வோல்ட் வைத்தியமும்

இராணுவம் கழித்துவிட்ட லொறியை ஏலத்தில் எடுத்து மலைக்குக் கொண்டுவந்தவர், சீக்கிரமே ஒரு நாள் கராஜ் வாசலில் நிற்பார். காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை, சார்ஜ் ஏறவில்லை, பல்பு அடிக்கடி போகிறது. முறைப்பாடு இவற்றில் ஒன்றாக இருக்கும். ஹட்டன் பக்கத்திலும் நுவரெலியா பக்கத்திலும் இதற்குக் கேட்கிற வைத்தியம் மூன்று. பெட்டரியை மாற்று. டைனமோவைக் கழற்றிவிட்டு ஜப்பான் அல்டர்னேட்டர் போடு. இந்த 24 வோல்ட் தொல்லையே வேண்டாம், முழு வண்டியையும் 12க்குக் கொண்டுவா. மூன்றையும் பாஸ்மார் நம்பிக்கையோடு சொல்கிறார்கள். அப்படிச் செய்து நன்றாக ஓடுகிற வண்டி ஒன்றைக் காட்டவும் செய்வார்கள். எந்த வைத்தியம் எந்த நோய்க்கு என்பதுதான் தெளிவாக இல்லை.

'ஆர்மி வண்டி' என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். அந்தப் பெயருக்குள் மூன்று விதமான மின்னமைப்பு இருக்கிறது. 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகத்தைப் பேராதனைக்குக் கொண்டுவந்தார். அந்தப் போர்க்காலத்து வில்லிஸ் ஜீப் ஓடியது 6 வோல்ட்டில். 1950இல் வந்த அதன் வாரிசான எம்38 ஜீப்புக்கு 24 வோல்ட். லேண்ட் ரோவரில் சாதாரண வண்டிக்கு 12, ரேடியோ வைப்பதற்கென்றே கட்டிய இராணுவ வண்டிக்கு 24. பெரிய லொறிகளில் பெரும்பாலும் இரண்டு 12 வோல்ட் பெட்டரிகளைத் தொடராக இணைத்த 24. போதாததற்கு, 1960களின் நடுப்பகுதிவரை வந்த பிரித்தானிய வண்டிகள் பலவற்றில் பொசிட்டிவ் பக்கமே பொடியோடு ஏர்த் ஆகியிருக்கும். இதைக் கேட்காமல் ஸ்பேனரை எடுக்கிறவர் கையில் வண்டியைக் கொடுக்காமல் இருப்பது நல்லது.

இந்த வண்டிகளைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாக வாங்கலாமே என்பது நம் நாட்டில் எளிதாகச் சொல்லிவிடக்கூடிய யோசனை அல்ல. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025இன் தொடக்கத்தில்தான் தனியாருக்குத் திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய இரும்புக்குக் கூடிய மதிப்பு இன்னும் முழுதாக இறங்கவில்லை.

பெட்டரி வைத்தியத்தை எடுத்துக்கொள்வோம். தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறியின் ஓட்டம் பெட்டரிக்கு ஆகாத ஓட்டம். ஒவ்வொரு மடுவத்திலும் நிற்க வேண்டும். எஞ்சினை நிறுத்தி, நிறுவை முடிந்து, மறுபடி ஸ்டார்ட் பண்ண வேண்டும். சாக்கில் அடைத்த கொழுந்து நேரம் போகப் போகச் சூடேறிச் சிவந்துவிடும் என்பதால் ஃபெக்டரிக்குப் போகும் அவசரம் வேறு. ஒரு ஸ்டார்ட்டுக்கு எடுத்த மின்சாரத்தைத் திருப்பிக் கொடுப்பதற்குள் அடுத்த ஸ்டார்ட் வந்துவிடுகிறது. இந்த நிலையில் புதுப் பெட்டரி போட்டால் சில வாரம் எல்லாம் சுகமாகத் தெரியும், பிறகு பழைய கதைதான். ஓய்வில் இருக்கும் 12 வோல்ட் பெட்டரி 12.6 காட்டினால் அது நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. எஞ்சின் ஓடும்போது 12 வோல்ட் வண்டியில் 13.8 முதல் 14.4 வரையும், 24 வோல்ட் வண்டியில் 27.6 முதல் 28.8 வரையும் வர வேண்டும். இந்த எண்களைப் பார்க்காமல் விற்கப்படும் பெட்டரியை வைத்தியம் என்று நான் கணக்கில் எடுக்க மாட்டேன்.

மலைப்பாதையில் மெதுவாகப் போவதால் சார்ஜ் ஏறாது என்று ஒரு விளக்கம் நம்மிடையே நிலைத்துவிட்டது. அது பாதிதான் சரி. ஏற்றத்தில் வண்டி மெதுவாகப் போனாலும் சின்ன கியரில் எஞ்சின் வேகமாகவே சுழல்கிறது. டைனமோவுக்குச் சக்கரத்தின் வேகம் தெரியாது, எஞ்சினின் வேகம்தான் தெரியும். பெட்டரி இறங்குவது இறக்கத்தில். டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு, கினிகத்தேனைப் பக்கத்து மூடுபனியில் ஹெட்லைட்டும் வைப்பரும் போட்டுக்கொண்டு இறங்குகிறார்களே, அப்போது எஞ்சின் வெறும் ஐட்லிங்கில் இருக்கிறது. (பிரேக்குக்கு இது எவ்வளவு கேடு என்பது வேறு கட்டுரை.) லேண்ட் ரோவர்களில் வந்த லூகாஸ் சி40 டைனமோ நல்ல வேகத்தில் சுமார் 22 அம்பியர் கொடுக்கும், ஐட்லிங்கில் கிட்டத்தட்ட ஒன்றும் கொடுக்காது. ஹெட்லைட், பின்விளக்கு, வைப்பர் எல்லாம் சேர்ந்து 15 அம்பியர் வரை கேட்கும். அந்த 15உம் பெட்டரியிலிருந்தே போகிறது.

ஆகவே டைனமோவை மாற்றச் சொல்லும் வைத்தியத்தில் நியாயம் இருக்கிறது. அல்டர்னேட்டர் ஐட்லிங்கிலேயே கணிசமாகக் கொடுக்கும். கட்-அவுட்டில் பொயின்ட் தேய்ந்தது, ஸ்பிரிங் தளர்ந்தது என்ற தலைவலியும் இல்லை. பழமையைக் காப்பாற்ற வேண்டும் என்று டைனமோவைப் பிடித்துக்கொண்டிருப்பவர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஜீப்பை வெளியே எடுப்பவராக இருந்தால் சரி. தினமும் மூடுபனியில் ஓடும் வண்டிக்கு அந்தப் பிடிவாதம் கூடாது.

ஆனால் அல்டர்னேட்டரைப் பொருத்தும் கை, டைனமோ காலத்துப் பழக்கத்தையும் கூடவே கொண்டுவருகிறது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பெட்டரி டெர்மினலைக் கழற்றிவிட்டு, எஞ்சின் நிற்கவில்லை என்றால் சார்ஜிங் சரி என்று சொல்லும் சோதனையை இன்றும் பார்க்கலாம். அந்தக் காலத்து டைனமோ அதைப் பெரும்பாலும் தாங்கியது. அல்டர்னேட்டரில் பெட்டரி திடீரென்று விலகினால் வோல்ட் ஒரே பாய்ச்சலில் எகிறி உள்ளே இருக்கும் டயோடுகளைச் சுட்டுவிடும். அதிலும் டீசல் லொறியில் இந்தச் சோதனைக்கு அர்த்தமே இல்லை. மெக்கானிக்கல் பம்ப் வைத்த டீசல் எஞ்சின் மின்சாரம் இல்லாமலும் ஓடும். சார்ஜிங்கைச் சோதிக்கப் போய் சார்ஜிங்கையே கெடுக்கிற வேலை இது. டேஷ்போர்டின் சிவப்பு விளக்கும் இப்படித்தான் அசட்டை செய்யப்படுகிறது. பல அல்டர்னேட்டர்கள் விழித்துக்கொள்ளத் தேவையான முதல் மின்னோட்டம் அந்தச் சின்ன பல்பு வழியாகத்தான் போகிறது. அது சுட்டுப்போயிருந்தால் நல்ல அல்டர்னேட்டரும் தூங்கும். சாவியைத் திருப்பியதும் விளக்கு எரிகிறதா என்று பார்க்க ஒரு நொடி போதும்.

இனி ஏர்த். இராணுவ லொறியைக் கட்டியவர்கள் ரேடியோவில் இரைச்சல் வராமலிருக்க எஞ்சின், கியர்பொக்ஸ், சேசி, கெபின் என்று ஒவ்வொன்றையும் பின்னிய செம்புப் பட்டையால் இணைத்தார்கள். தண்ணீர் புகாத ரப்பர் இணைப்பிகளையும் போட்டார்கள். ஏலத்தில் எடுத்தவர் முதலில் செய்வது இராணுவப் பச்சையை மறைக்கப் பெயின்ட் அடிப்பது. பட்டை உட்காரும் இடத்திலும் பெயின்ட் ஏறுகிறது. பிறகு வயரிங் பார்ப்பவர் ரப்பர் இணைப்பியை வெட்டி, வயரை முறுக்கி டேப் சுற்றிவிடுகிறார். வட்டவளைப் பக்கம் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிற மண் இது. தென்மேல் பருவம் முடிவதற்குள் அந்த டேப்புக்குள் செம்பு பச்சை பூத்துவிடும். எஞ்சினைச் சுற்ற வைத்தபடி, மீட்டரின் ஒரு முனையை பெட்டரியின் ஏர்த் பக்கக் கம்பத்திலும் மற்றதை ஸ்டார்ட்டர் பொடியிலும் வைத்தால் கால் வோல்ட்டுக்குக் கிட்டத்தான் காட்ட வேண்டும். ஒரு வோல்ட் காட்டினால் பெட்டரிக்கும் அல்டர்னேட்டருக்கும் விலை கேட்பதை நிறுத்திவிட்டுச் சுரண்டும் தாளை எடுங்கள்.

24 வோல்ட் லொறிகளுக்கே உரிய நோய் ஒன்று உண்டு. கெசட் பிளேயர், போன் சார்ஜர், கெபினில் ஒரு 12 வோல்ட் பல்பு என்று வைக்க, இரண்டு பெட்டரிகளின் நடுவிலிருந்து ஒரு வயர் இழுக்கிறார்கள். வேலை நடக்கிறது, செலவும் இல்லை. இப்போது கீழ்ப் பெட்டரி மட்டும் கூடுதலாக இறங்குகிறது, மேல் பெட்டரி நிறைந்தே இருக்கிறது. ஆனால் இரண்டின் வழியாகவும் போவது ஒரே சார்ஜ். ரெகுலேட்டர் மொத்தத்தை மட்டும் பார்க்கும். மொத்தம் 28 என்று அழகாக வரும். தனித்தனியாக வைத்துப் பார்த்தால் மேலது 15, கீழது 13. மூடியைத் திறந்தால் ஒன்றில் தண்ணீர் பிளேட்டுக்குக் கீழே இறங்கியிருக்கும், மேற்பரப்பு அசிட் ஈரத்தில் பளபளக்கும், டெர்மினலில் வெள்ளைப் பொடி. மற்றது காய்ந்த முகத்தோடு பட்டினி கிடக்கும். இரண்டும் ஒரே நாளில் வாங்கியவை என்றால் உரிமையாளர் பெட்டரிக் கடைக்காரரைத் திட்டுவார். ஒன்றை மட்டும் மாற்றினால் நோய் இன்னும் முற்றும், பழையதும் புதியதும் ஒருபோதும் ஒரே அளவில் நிற்பதில்லை. 24ஐ 12ஆக்கும் சின்னக் கன்வெர்ட்டர் ஒன்று போட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

இந்தத் தொல்லைதான் மூன்றாவது வைத்தியத்துக்குச் சாக்கு. 12க்கு மாற்றினால் பல்பு எந்தக் கடையிலும் கிடைக்கும், ரேடியோ நேராகப் போடலாம், ஒரே பெட்டரி போதும் என்கிறார்கள். சிறிய பெட்ரோல் ஜீப்புக்கு இந்த வாதம் செல்லும். 6 வோல்ட் வில்லிஸை 12 ஆக்கியதில் யாருக்கும் நட்டமில்லை. பெரிய டீசல் லொறிக்குச் செல்லாது. அதே பலத்தோடு எஞ்சினைச் சுற்ற, பாதி வோல்ட்டில் இரட்டிப்பு அம்பியர் வேண்டும். ஏர்த்தில் ஓமின் நூறில் ஒரு பங்கு தடை இருக்கிறது என்று வையுங்கள். 24இல் 150 அம்பியர் ஓடினால் ஒன்றரை வோல்ட் போகும், நூற்றுக்கு ஆறு. 12இல் 300 அம்பியர் ஓடினால் போவது மூன்று வோல்ட், நூற்றுக்கு இருபத்தைந்து. நுவரெலியாவின் ஜனவரிப் பனிக்காலையில், ஏர்த் ஏற்கெனவே துருப்பிடித்த வண்டியில், இது ஸ்டார்ட் ஆகும் வண்டிக்கும் ஆகாத வண்டிக்கும் உள்ள வித்தியாசம். ஸ்டார்ட்டர், கேபிள், ரிலே, மீட்டர், அத்தனை பல்பும் மாற்றிச் செலவழித்து முடித்தபின் கையில் இருப்பது முன்னைவிடப் பலவீனமான லொறி. இறக்கம் பார்த்து நிறுத்தித் தள்ளி ஸ்டார்ட் பண்ணும் பழக்கம் சில தோட்டங்களில் ஓயாமலிருக்க இந்த மாற்றமும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

என் தீர்ப்பு இதுதான். டைனமோ வண்டி தினமும் ஓடுவதாக இருந்தால் அல்டர்னேட்டருக்கு மாற்றுங்கள். 24 வோல்ட் டீசல் லொறியை 24லேயே வைத்திருங்கள். பெட்டரி வாங்குவது கடைசி வேலை. வாங்கினால் இரண்டையும் ஒரே வகையில், ஒரே நாளில். நடுவிலிருந்து இழுத்த வயரை இன்றைக்கே கழற்றிவிடுங்கள். புதிதாக ஏலத்தில் லொறி எடுத்தவர்களிடம் ஒரு வேண்டுகோள்: பெயின்ட்காரரைக் கூப்பிடுவதற்கு முன் ஏர்த் பட்டை ஒவ்வொன்றையும் கழற்றி, இரும்பு தெரியும்வரை சுரண்டி, கிரீஸ் பூசி இறுக்கிவிடுங்கள்.